இருபதாவது கிணறு

1.

"உயிரோட முன்னாடி நிக்கிறேன்ல? கண்ணு தெரியலையா?"

"தெரியுது மேடம். ஆனா சிஸ்டத்துல வேற மாதிரி..."

"அப்ப சிஸ்டத்தை எந்திரிச்சு இங்க வரச் சொல்லும்மா. அது வந்து என்னைப் பாக்கட்டும்."

"கோவப்படாதீங்க. இறந்தவங்க பேர்ல புதுசா எதையும் ஏத்த முடியாது. அதான் ரூல்."

"ஏம்மா, செத்தவ எங்கயாச்சும் கவுண்டர்ல வந்து சண்டை போடுவாளா?"

தடுப்புப் பலகைக்கு இந்தப் பக்கம் கையில் டீயோடு நான் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாவுக்கு இறந்தவர் என்று டிக் போட்டவன் நான்தான். அந்த ரூலைக் கொண்டுவந்தவனும் நான்தான். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். நான்கு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். இந்தக் கதை அந்த நான்கு நிமிடத்திலிருந்து வந்தது.

(முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "அறிவு எல்லோருக்கும் பொதுவானது. அதைத் தடையின்றிப் பகிர்ந்துகொள்வதற்காக உலக நாடுகள்" — இதைப் படித்துவிட்டு என் மனைவி, "சர்க்குலர் மாதிரி இருக்குங்க. அந்த அம்மா கத்தினதுலேருந்து ஆரம்பிங்க" என்றாள். அவள் சொன்னபடி செய்திருக்கிறேன்.)

2.

என் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தெரியாவிட்டால் மீதிக் கதை புரியாது.

நான் ஓர் ஆய்வுக் களஞ்சியத்தில் இருக்கிறேன். ஆய்வு செய்பவர்கள் தங்கள் அளவுகள், பட்டியல்கள், படங்கள் எல்லாவற்றையும் எங்களிடம் ஏற்றுவார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். பூட்டு, அனுமதிச் சீட்டு எதுவும் கிடையாது. எங்களையும் சேர்த்து மொத்தம் நாற்பத்தொரு களஞ்சியங்கள், பல நாடுகளில். ஒன்றில் ஏற்றியது மறுநாள் காலைக்குள் மற்ற நாற்பதிலும் தெரியும். ஒருவர் கணினி கேட்பது இன்னொருவர் கணினிக்குப் புரிய வேண்டும் என்பதற்காகப் பதினோரு வருடம் உட்கார்ந்து பேசினோம். தேதியை எப்படி எழுதுவது என்பதற்கு மட்டும் இரண்டு வருடம் போனது. சிரிக்காதீர்கள். ஒருவர் நாளை முதலில் எழுதுவார், இன்னொருவர் மாதத்தை.

ஒவ்வொரு ஆய்வாளருக்கும் ஓர் எண் உண்டு. உலகம் முழுக்க அதே எண்தான். ஒருமுறை யாரோ ஒருவர், இறந்துபோன பேராசிரியரின் எண்ணில் தன்னுடைய பொய் அளவுகளை ஏற்றிவிட்டார். அதனால் நாற்பத்தொரு களஞ்சியங்களின் கமிட்டியில் நான் ஒரு விதி சொன்னேன்: ஒரு களஞ்சியம் ஒருவர் இறந்ததாக உறுதி செய்தால், மற்ற நாற்பதும் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டு அந்த எண்ணைப் பூட்டிவிட வேண்டும். எல்லோரும் கை தட்டினார்கள். பூட்டியதைத் திறப்பது பற்றி அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. செத்தவர் திரும்பி வருவாரா என்ன?*

* பூட்டிய எண்ணுக்கு ஒரு பக்கம் இருக்கும். நாங்கள் அதைக் கல்லறைப் பக்கம் என்போம். சாம்பல் நிறக் கரை போட்டு, "இவர் இப்போது நம்மிடையே இல்லை. இவர் தந்தவை எல்லோருக்கும் திறந்தே இருக்கும்" என்று எழுதியிருக்கும். அந்த வாசகமும் என்னுடையதுதான்.

3.

கவுண்டரில் சண்டை போட்டவரை எங்கள் அலுவலகத்தில் கிணத்தக்கா என்போம். இருபத்து மூன்று வருடமாக ஒவ்வொரு வியாழக்கிழமையும் முப்பத்தொரு கிணறுகளில் டேப்பை இறக்கி, தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே இருக்கிறது என்று அளப்பவர். வேறு நாடுகளில் நிலத்தடி நீரைக் கணிப்பவர்கள் அவர் எண்களை வைத்துத்தான் தங்கள் கணக்குச் சரியா என்று பார்க்கிறார்கள்.

அவர் பெயரிலேயே, அதே இனிஷியலோடு, அதே துறையில், வேறொரு நாட்டில் இன்னொருவர் இருந்தார். அவர் இறந்துவிட்டார் என்று அங்கிருந்து மெயில் வந்தது. பெயரை அடித்தேன். திரையில் இரண்டு வரி வந்தது. மேல் வரியில் டிக் போட்டேன்.

(அப்போது போன் அடித்தது, கவனம் சிதறியது என்று எழுதப் பார்த்தேன். போன் அடிக்கவில்லை. பெயரைப் பார்த்தேன், எண்ணைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான். "பேரை நம்பாதீங்க, எண்ணை நம்புங்க" என்று அத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்த ஆள் நான்.)

ஐந்தாவது நிமிடம் எழுந்து போய் ஒப்புக்கொண்டேன்.

"நீங்களா தம்பி? வேற யாராச்சும் பண்ணியிருந்தா நல்லா திட்டியிருப்பேன்."

"திட்டுங்கக்கா."

"திட்டி என்ன ஆவப்போவுது. சீக்கிரம் உயிர் குடுங்க. வியாழக்கிழமை அளவு ஏத்தணும்."

டிக்கை எடுத்தேன். மறுநாள் காலை திரும்ப இருந்தது. நாங்கள் எடுத்தாலும் மற்ற நாற்பதில் இருக்கிறதே! அவை எங்களுக்கு அனுப்புகின்றன. கேள்வி கேட்காமல் நாங்கள் ஏற்கிறோம். விதியை மாற்றக் கமிட்டி கூட வேண்டும். அவசரம் என்று எழுதினேன். உடனே பதில் வந்தது. இந்த மாதம் இருபத்திரண்டாம் தேதிதான் கூடுகிறார்கள்.

4.

இனிமேல் வருவதைக் கதையாகத்தான் எழுத முடியும். கட்டுரையாக எழுதினால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நான் டிக் மட்டும்தான் போட்டேன். இறந்த தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். இந்த மாதம் ஒன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலை, அந்தக் கட்டம் நிரம்பியிருந்தது. பதினேழாம் தேதி. இந்த மாதம்.

யாரோ தவறாக அடித்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். எங்கிருந்து வந்தது என்று நாற்பது பேருக்கும் எழுதினேன். எல்லோரும் மரியாதையாகப் பதில் போட்டார்கள். எங்களுக்கு இன்னாரிடமிருந்து வந்தது என்றார்கள். அந்த இன்னார் வேறொருவரைச் சொன்னார். ஒரு தாளில் அம்புக்குறி போட்டுக்கொண்டே வந்தேன். நாற்பதாவது ஆள் எழுதியிருந்தார்: உங்களிடமிருந்துதான் வந்தது.

தாளில் ஒரு வட்டம் இருந்தது. முதல் ஆள் என்று யாரும் இல்லை.

அந்தப் பக்கத்தில் இன்னும் கீழே இறங்கிப் பார்த்தேன். பூட்டிய எண்ணில் புது வரிகள் இருந்தன. மூன்றாம் தேதி, பத்தாம் தேதி, பதினேழாம் தேதி. எல்லாம் வியாழக்கிழமைகள். எந்த வியாழனும் இன்னும் வரவில்லை. ஒவ்வொரு கிணற்றுக்கும் எதிரே ஓர் அளவு. அக்கா மழை பெய்த நாளுக்கு ஒரு சின்னப் புள்ளி வைப்பார். பத்தாம் தேதி வரிகளில் அந்தப் புள்ளியும் இருந்தது.

அன்றைக்கு அளவுகள் முன்பே வந்திருப்பதை மட்டும் அக்காவிடம் சொல்லியிருந்தேன். மூன்றாம் தேதி சாயங்காலம், அளந்து முடித்துவிட்டு அவர் போன் செய்தார்.

"தம்பி, ஏழாவது கிணறு என்ன போட்டிருக்கு?"

"7.42."

போனில் நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"பதினாலாவது?"

"11.05."

"என் நோட்டைப் பாத்து எவனோ எழுதுறான்னு சொல்லுங்க தம்பி. அப்படியாச்சும் சொல்லுங்க."

முப்பத்தொன்றும் சரியாக இருந்தது. பத்தாம் தேதி மழை பெய்தது.

5.

பதினேழாம் தேதிக்கு முப்பத்தொரு வரி இல்லை. பத்தொன்பதுதான் இருக்கிறது. பத்தொன்பதாவது கிணறு, 8.60. அதோடு முடிகிறது.

இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு நாள் யோசித்தேன். இது எல்லோருக்கும் திறந்த தரவு. நான் மறைத்தாலும் அவரே பார்ப்பார். பார்த்திருந்தார்.

"பத்தொன்பதுக்கும் இருபதுக்கும் நடுவுல என்னக்கா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. கல்லு ரோடு. நடந்தா ஆறு நிமிஷம்."

"வண்டி கிண்டி வருமா?"

"ஆடுகூட வராது."

என் மனைவி கேட்டதைத்தான் நீங்களும் கேட்பீர்கள். "அன்னைக்கு ஒரு நாள் வீட்ல இருக்கச் சொல்லுங்களேன். இதுல என்ன கதை வேண்டியிருக்கு?" நான் அதையும் அக்காவிடம் சொன்னேன். சிரித்தார்.

"எங்க அண்ணன் செத்த அன்னைக்குக்கூட காலையில அளந்துட்டுத்தான் போனேன். ஒரு வியாழன் விட்டா கோடு அறுந்துடும் தம்பி. அறுந்த கோட்டை யாரு நம்புவா? அதுவுமில்லாம, அங்க பத்தொன்பது வரி இருக்குல்ல. நான் போவேன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்கு."

கடைசி வாக்கியத்தை அவர் சொன்னாரா, நான் சேர்த்தேனா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. எடுத்துவிட்டுப் படித்துப் பார்த்தேன். மறுநாள் பார்க்கும்போது வரைவில் இருந்தது. நானே திரும்பப் போட்டிருப்பேன்.

6.

ஒரு காரியம் செய்யப் பார்த்தேன். பூட்டிய எண்ணுக்குள் நுழைய என்னிடம் ஒரு வழி உண்டு. பதினேழாம் தேதி, இருபதாவது கிணறு, ஏதோ ஓர் அளவு. ஒரே ஒரு வரி. மறுநாள் காலை நாற்பத்தொரு இடத்திலும் அது உண்மையாகியிருக்கும். கேட்டுவிட்டுச் செய்வோம் என்று போன் செய்தேன்.

"வேணாம்."

"ஒரு வரிதானக்கா. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே. இருபத்து மூணு வருஷத்துல ஒரு வரி பொய் கிடையாது. நான் உயிரோட இருக்கேன்னு காட்டுறதுக்குப் போயி, பாக்காத தண்ணியைப் பாத்தேன்னு எழுதச் சொல்றீங்களா? போங்க தம்பி."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"தேடுங்க. எங்கயாச்சும், எவன்கிட்டயாச்சும், இருபதாவது கிணறு இருக்கான்னு பாருங்க. இருந்தா நிம்மதியா நடப்பேன். இல்லன்னாலும் நடப்பேன்."

7.

முடிவுக்கு வருகிறேன். மூன்று வைத்திருந்தேன்.

முதல் முடிவில் கமிட்டி முன்கூட்டியே கூடி, பூட்டைத் திறக்கிறது. இதை என் பிரிவுத் தலைவரிடம் காட்டினேன். "கதைன்னாலும் கொஞ்சம் நம்புற மாதிரி எழுதுய்யா" என்றார்.

இரண்டாவதில் பதினேழாம் தேதி ஒன்றுமே நடக்கவில்லை. அக்கா இருபதாவது கிணற்றுக்கு வந்து, டேப்பை இறக்கி, சிரிக்கிறார். இதை எழுத உட்கார்ந்தேன்.

அவர் பத்தொன்பதாவது கிணற்றின் மூடியைச் சாத்திவிட்டு, நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கல் ரோட்டில்

மூன்று தடவை எழுதினேன். மூன்று தடவையும் அங்கேதான் நிற்கிறது. எனக்குச் சொல் வராமல் இல்லை. பொய்யாக ஒரு கிணற்றை எழுத மாட்டேன் என்று அன்று போனை வைப்பதற்கு முன்னால் அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். கதையிலும் அது செல்லும் என்று இப்போதுதான் தெரிகிறது.

மூன்றாவது முடிவை எழுதி அழித்துவிட்டேன். அதை நீங்கள் ஊகித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்காதீர்கள்.

இன்று வெள்ளிக்கிழமை, பதினொன்றாம் தேதி. நாற்பத்தொரு களஞ்சியங்களையும் தேடி முடித்துவிட்டேன். எல்லாம் பத்தொன்பதில்தான் நிற்கின்றன. ஆனால் இது திறந்த தரவு. யார் எடுத்தார்கள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நாங்கள் கணக்கு வைப்பதில்லை. பாடம் நடத்த எடுத்த ஆசிரியர் இருப்பார். ஆய்வுக்கு எடுத்துவிட்டுப் படிக்காமலே போட்டுவைத்தவர் இருப்பார். பழைய கணினியில், மறந்துபோன போல்டரில், எங்கள் வட்டத்துக்கு வெளியே ஒரு பிரதி இருக்கலாம்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். கதை எப்படி இருக்கிறது என்று எழுத வேண்டாம். முப்பத்தொரு கிணற்று அளவுகள் உள்ள பைல் உங்களிடம் இருந்தால் திறந்து, கடைசி வரிக்குப் போங்கள். பதினேழாம் தேதிக்கு நேரே இருபதாவது கிணறு இருக்கிறதா? இருந்தால் அந்த அளவை, இருக்கிறபடியே, கீழே பதிலாகப் போடுங்கள். இரக்கப்பட்டு ஓர் எண்ணை நீங்களாக எழுதிவிடாதீர்கள், அவர் கண்டுபிடித்துவிடுவார். இல்லையென்றால் இல்லை என்று போடுங்கள். வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் முதல் கிணற்றைத் திறப்பார். அதற்கு முன்னால் போடுங்கள்.