பாமாயில் இல்லாத சாக்லேட்

ஹாஜாவின் ஃபாரின் சாமான் கடையில் நூர் நிஷா சாக்லேட் வாங்க வந்தால் அரை மணி நேரம் ஆகும். உறையைத் திருப்பி வாசல் வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்கத்துப் பொடி எழுத்தை விரல் வைத்து வாசிப்பாள். பாமாயில் என்றிருந்தால் வைத்துவிடுவாள். தாவரக் கொழுப்பு என்று பொதுவாகப் போட்டிருந்தாலும் வைத்துவிடுவாள். கோகோ வெண்ணெய் மட்டும் என்றால்தான் மகள் உம்மு ஹபீபாவுக்கு ஒன்று எடுப்பாள்.

"கொழுப்பு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாங்களா லாத்தா?" என்று ஹாஜா ஒருநாள் கேட்டான்.

"ஆமா தம்பி" என்றாள்.

உண்மை வேறு. அவள் கணவன் சதக்கத்துல்லா, மகள் வயிற்றில் இருக்கும்போதே மலேசியாவுக்குப் போனவன். அங்கே சபா மாநிலத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வேலை. நீளக் கழியில் அரிவாளைக் கட்டி பழக்குலை வெட்ட வேண்டும். அந்தப் பழத்தில்தான் பாமாயில் எடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தான். இரண்டு வருடம் கடிதம் வந்தது. தொண்ணூற்றாறில் நின்றுபோனது. வேறு தோட்டத்துக்கு மாறிப் போய்விட்டான் என்றார் ஏஜெண்ட். எந்தத் தோட்டம் என்று அவருக்கும் தெரியவில்லை.

மேலும் இரண்டு வருடம் கழித்து, பினாங்கில் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கும் அவள் அண்ணன் முஹைதீன் லீவில் வந்தபோது ஒரு பெட்டி சாக்லேட் கொண்டுவந்தார். மத்தியான லுஹர் பாங்கு சொல்வதற்குக் கொஞ்சம் முன்னால், அடுப்படியில் நின்றபடி அவள் ஒரு துண்டை வாயில் போட்டாள். இனிப்பு கரைந்தது. மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒரு வழவழப்பு ஒட்டிக்கொண்டு போகவில்லை. அது இருந்த வரைக்கும் அடுப்படி இல்லை. நட்டநடுப் பகலில் இருண்டு கிடக்கும் மரவரிசை. ஓலையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம். வாய்க்கால் ஓரத்தில் ஒருவன் முதுகைக் காட்டி உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தான். நீலக் கட்டம் போட்ட அந்தச் சட்டையைத் தைத்தது அவள்தான்.

"மச்சான்" என்று கூப்பிட்டாள். அவன் தலை லேசாகத் திரும்பியது. வழவழப்பு கரைந்துபோனது. எதிரே உலை கொதித்துக்கொண்டிருந்தது.

இன்னொரு துண்டு போட்டாள். மறுபடியும் அதே இடம். இந்தத் தடவை கூப்பிட்டதும் தோள் வரை திரும்பினான். காது தெரிந்தது. மூன்றாவது துண்டை எடுத்தவள் வாயில் போடவில்லை. முழுசாகத் திரும்பினால் முகம் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். பெட்டியோடு கொண்டுபோய்க் கடலில் போட்டாள். அன்றையிலிருந்து பாமாயில் உள்ள எதையும் வீட்டுக்குள் விடவில்லை. ரேஷனில் போட்டபோதும் வாங்கவில்லை. மகளிடம் காரணம் சொல்லவில்லை.

இரண்டாயிரத்து எட்டில் உம்மு ஹபீபா ஒன்பதாவது படித்தாள். ஒருநாள் மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வந்தவள் பையைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"உம்மா, தப்பா நினைக்காதீங்க. நாசியாவுக்குப் பிறந்தநாளுன்னு சாக்லேட் குடுத்தா. தின்னுட்டேன்."

நூர் நிஷா பையைக் கழற்றி வாங்கினாள். "என்ன பாத்த?"

மகள் அதிசயப்படவில்லை. "ஒரு ஆளு உக்காந்திருந்தாங்க. சத்தம் குடுத்தேன். திரும்பிட்டாங்க."

"முகம் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. போட்டோல இருக்கிற மாதிரியேதான். ஒரு முடிகூட நரைக்கல. நீ யாரு மகளேன்னு கேட்டாங்க. பேரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னையவே பாத்தாங்க. அப்புறம், உம்மாட்ட சொல்லு, பாம்பு தீண்டிருச்சு, அஞ்சாம் வரிசை, வாய்க்காக்கரைன்னாங்க. கால் கருத்துப் போயிருந்துச்சு."

நூர் நிஷா அன்றே அண்ணனுக்கு போன் போட்டாள். மகள் கண்ட கனவு என்று சொல்லித்தான் கேட்டாள். முஹைதீன் முதலில் தயங்கினார். அடுத்த மாதம் லீவு போட்டு, விமானம் ஏறி, பழைய கடிதத்தில் இருந்த தோட்டத்துக்கே போனார். அங்கிருந்தே பேசினார்.

"இருக்கும்மா. அஞ்சாம் வரிசையில கபுர் இருக்கு. கூட வேலை பாத்த இந்தோனேசியாக்காரங்கதான் தொழ வச்சு அடக்கியிருக்காங்க. பாஸ்போர்ட் ஏஜெண்ட் கையில இருந்ததால, ஊரு எதுன்னு அவங்களுக்குத் தெரியல."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"இன்னொண்ணு" என்றார். குரல் இறங்கிவிட்டது. "அந்த வரிசையில யாரும் குலை வெட்டுறதில்ல. பழம் தானா உதிர்ந்து அழுகிக் கெடக்கு. பத்து வருசத்துக்கு முன்னாடி அங்கன ஒரு பொம்பளை குரல் ரெண்டு தடவ மச்சான்னு கூப்பிட்டுச்சாம். அதுக்கு என்ன அர்த்தம்னு எங்கிட்ட கேக்கிறாங்க. போன மாசம் ஒரு சின்னப் புள்ள குரலு. ஏதோ பேரு சொல்லிச்சாம்."

"என்ன பேருன்னு கேட்டீங்களா காக்கா?"

"கேக்கல. எனக்குப் பயமா இருந்துச்சு."

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசலில் சதக்கத்துல்லாவுக்காக, உடல் இல்லாமலே, ஜனாஸாத் தொழுகை தொழுதார்கள். புருஷன் மௌத்தானால் பெண் வீட்டோடு இருக்கும் இத்தாவுக்கு, அவர் இறந்த நாளிலிருந்தே கணக்கு, அது எப்போதோ முடிந்துவிட்டது என்று ஆலிம்சா சொல்லியனுப்பினார். நூர் நிஷா சரி என்று கேட்டுக்கொண்டாள். ஆனாலும் வெள்ளைச் சேலை உடுத்தி நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தாள்.

துக்கம் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரி, "இத்தனை வருசம் கழிச்சு யாரு சேதி கொண்டாந்தது?" என்று விசாரித்தாள்.

மகள் ஜன்னலோரம் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நூர் நிஷா அவளை ஒரு தடவை பார்த்தாள்.

"எங்க காக்காதான்" என்றாள்.