லோடிங் நேரத்து அக்கா

கேம் லோடு ஆகிற நேரத்தில் மட்டும் என் அக்கா ரோஸ்லின் உயிரோடு இருக்கிறாள். மற்ற நேரங்களில் கீழ்ப்பாக்கம் கல்லறையில் இருக்கிறாள். பெரம்பூரில் வீடு என்பதால் எனக்கு இரண்டுமே பக்கம்தான்.

அது லாரி ஓட்டுகிற கேம். பழைய ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது. திறந்தால் உள்ளே தட்டு சுழலும். திரையில் ஒரு பச்சைக் கோடு நகர ஆரம்பிக்கும். உடனே எங்கள் ஹால் நீளமாகும். அந்தக் கோடியில் இருக்கிற சமையலறையிலிருந்து அக்கா ஈரக் கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு நடந்து வருவாள். நாற்காலியில் உட்கார்ந்து என்னைத் திட்டுவாள். கோடு முடிந்ததும் லாரி உறுமும். நாற்காலி காலியாக இருக்கும். ஹால் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும். வீட்டுக்காரருக்கு இது தெரியாது. தெரிந்தால் வாடகையை ஏற்றுவார்.

நான் லாரியைத் தொடுவதில்லை. கேமை மூடிவிட்டு மறுபடி திறப்பேன். இவ்வளவு நேரம் உட்கார்ந்து இவ்வளவு கம்மியாக லாரி ஓட்டியவன் வேறு எவனும் இருக்க மாட்டான்.

முன்பு எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. ஒரே கம்ப்யூட்டர், இரண்டு பேர். மவுஸ் ஒருவர் கையில் இருந்தால், லோடு ஆகிறவரை மற்றவர் பேச வேண்டும். இப்போது மவுஸ் எப்போதும் என் கையில்தான். அதனால் அவளே பேசுகிறாள்.

“முடி வெட்டிக்கோடா எட்டு. பால் பாக்கெட் திருடுறவன் மாதிரி இருக்க.”

என் பெயர் எட்வின். எட்டு என்று கூப்பிட ஒருத்திதான் இருக்கிறாள். அவளும் பகுதி நேரம்.

போன வாரம் டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வர ஆரம்பித்தது. அன்று அக்கா வந்தபோது இடது கை இல்லை.

“கை எங்கக்கா?”

“இப்பதான் இருந்துச்சு.” குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தாள். “டக்குனு ஏதோ கேட்டுச்சு. அதோட காணோம்.”

கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கைவைத்தியம் தெரியும். சாகப்போகிற டிஸ்கை பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஃப்ரீசரில் வைத்தால் கொஞ்ச நாள் ஓடும். நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவன். அதனால் யோசிக்காமல் வைத்தேன். வஞ்சிரத் துண்டுகளுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது.

மறுநாள் எடுத்து மாட்டினேன். அக்கா பல் கிட்டிக்கொண்டு வந்தாள். கை திரும்பி வந்திருந்தது. புருவத்தில் பனி.

“எங்கடா வெச்ச என்னை?”

“ஃப்ரீசர்ல.”

“செத்தப்பயும் ஐஸ் பெட்டிலதான் வெச்சீங்க. ஆனா அப்ப மீன் இல்ல.”

துண்டைப் போர்த்திவிட்டேன். கோடு முடிகிறவரை மீன் வாடை போகவில்லை. சத்தமும் போகவில்லை.

ரிச்சி தெருவில் அஸ்கர் பாயின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். மூன்றாவது மாடி. எஸ்எஸ்டி என்றால் காக்க வைக்காமல் சட்டென்று திறக்கிற புது வகை டிஸ்க்; பாய் கட்டடத்தையே அதற்கு மாற்றிவிட்டார். அதனால் நடுவில் படிகள் கிடையாது. கீழ்ப்படியில் கால் வைத்தேன், கடைக்குள் இருந்தேன். வழியில் வாங்க வேண்டிய மூச்சு மிச்சமாகி இருமலாக வந்தது.

“ஓடாது தம்பி,” என்றார் பாய். “ஓடுறது அதே வேகம்தான். தொறக்குறது மட்டும்தான் சட்டுனு. எல்லாரும் இதத்தான் தப்பா நெனச்சுக்குறாங்க.”

“எஸ்எஸ்டி போட்டா கேம் வேகமா ஓடுமா பாய்?” என்று நான் கேட்டு முடித்தேன். மரியாதைக்காக. அவரும் எஸ்எஸ்டிக்கு மாறியிருந்தார்.

“உள்ள சுத்துற தட்டு கிடையாது. சத்தம் கிடையாது. உங்கக்கா வருவாங்க. உக்கார டைம் இருக்காது.”

“எவ்ளோ நேரம் இருப்பா?”

கண்ணை மூடித் திறந்து காட்டினார். “இதுல பாதி.”

“அந்த லோடிங்கையும் சேத்துக் காப்பி பண்ண முடியாதா?”

“அது ஃபைல் இல்ல தம்பி. அது நீ காத்துக்கிட்டு இருந்தது. அத எந்த ஃபோல்டர்ல போய்த் தேடுறது?”

சுழல்கிற டிஸ்க் புதிதாக வருவதில்லையாம். அலமாரியில் பழையது ஒன்று இருந்தது. எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தேன். உள்ளே யாரோ தொண்டையைச் செருமினார்.

“அதுல ஏற்கெனவே ஒருத்தரோட மாமனார் இருக்காரு,” என்றார் பாய். “யாரோடயும் ஒத்துப்போவ மாட்டாரு.”

எஸ்எஸ்டியையே வாங்கினேன். பிஸ்கட் அளவுதான் இருந்தது. ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் ஆடவில்லை.

வீட்டுக்கு வந்து கேமைத் திறந்தேன். பச்சைக் கோடு பாதியைத் தாண்டுவதற்குள் அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

“இங்கயே இருந்தா என்னாவும்?”

“தேஞ்சுடுவ.”

“அங்க போனா?”

“இருப்ப. ஆனா டேய்னு கூப்பிடக்கூட டைம் இருக்காது.”

“மூஞ்சி தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அப்ப மாத்து. மூஞ்சிதான் என்கிட்ட உருப்படியா இருக்கிறது.”

காப்பி செய்வதும் ஒரு லோடிங்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. கோடு நகர்கிறதா என்றே தெரியவில்லை. ஹால் வியாசர்பாடி வரை நீண்டது. அவ்வளவு தூரத்தையும் அக்கா நடந்து வந்தாள். இத்தனை நேரம் அவள் இருந்ததே இல்லை. சோறு வடித்தாள். என் தட்டில் இருந்த அப்பளத்தை எடுத்துக்கொண்டாள். நான் திருப்பி எடுத்தேன். நாற்காலியில் சாய்ந்து கொஞ்சம் தூங்கக்கூடச் செய்தாள்.

காப்பி என்றால் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். ஆட்களுக்கு அப்படி இல்லை போலிருக்கிறது. முதலில் பாதங்கள் போயின. பிறகு முழங்கால்.

“வலிக்குதா?”

“இல்ல.”

“சில்லுனு இருக்கா?”

“ஒண்ணுமே இல்லடா. அதான் ஒரு மாதிரி இருக்கு.”

இடுப்பு வரை போனபோது டிஸ்க் டக் என்றது. கோடு நின்றது. திரையில் எழுத்து வந்தது. இந்த இடத்தைப் படிக்க முடியவில்லை. மீண்டும் முயலவா, விட்டுவிட்டு மேலே போகவா?

பாய்க்கு போன் செய்தேன். மணி அடிப்பதற்கு முன்பே எடுத்தார்.

“உட்டுட்டுப் போன்னு குடு தம்பி. மிச்சம் முழுசா வந்துடும்.”

“அந்த எடத்துல என்ன இருக்கு பாய்?”

“அவங்களத்தான் கேக்கணும்.”

கேட்டேன். அப்பா பெயரைச் சொன்னாள், சேவியர். சின்ன வயதில் கையை உடைத்துக்கொண்டது எந்த மரத்தில் என்று சொன்னாள். அவளைப் பெண் பார்த்துவிட்டு பதிலே சொல்லாமல் போன அம்பத்தூர்க்காரனின் மீசைகூட ஞாபகம் இருந்தது. எதுவும் குறையவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்புக்குறியை ‘விட்டுவிட்டு’ என்பதன் மேல் வைத்தேன்.

“ரொம்பப் பொறுப்பா கேக்குறீங்க,” என்றாள் அக்கா. “நீங்க யாரு தம்பி? கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வந்தவரா?”

அம்புக்குறியை நகர்த்தி மீண்டும் முயன்றேன். டக்.

“நீங்க யாரு தம்பி?”

“எட்வின்.”

டக்.

“நீங்க யாரு தம்பி?”

“எட்டுக்கா. உன் தம்பி.”

டக்.

ஒவ்வொரு முறையும் அவள் முதலிலிருந்து கேட்டாள். நான் முதலிலிருந்து அறிமுகமானேன். போகப்போக என்னைக் கொஞ்சம் மேம்படுத்திக்கொண்டேன். பெரிய கம்பெனியில் வேலை என்றேன். கல்யாணம் ஆகிவிட்டது என்றேன். உட்கார்ந்திருப்பதால் தெரியவில்லை, ஆறடி என்றேன். அவள் எல்லாவற்றுக்கும் மரியாதையாகத் தலையாட்டினாள். என் அக்காவாக இருந்தால் பெரிய கம்பெனி என்கிறபோதே சிரித்திருப்பாள்.

டிஸ்க் சுட்டது. விட்டுவிட்டால் மற்றதெல்லாம் அந்தப் பக்கம் போய்ச் சேரும். கண்ணிமைக்கிற நேரத்துக்கு வந்து, யாரோ ஒருவனைப் பார்த்துவிட்டுப் போவாள். விடாவிட்டால் தட்டு தீய்ந்துவிடும். அப்போது வருவதற்கு யாரும் இருக்க மாட்டார்கள். நான் எழுந்து நின்றேன். நின்றால் முடிவெடுக்க வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மவுஸ் கையில் இருந்தது. அழுத்தினேன். டக்.

இந்த முறை அவள் நான் யார் என்று கேட்கவில்லை.

“யாருக்காச்சும் வெயிட் பண்றீங்களா தம்பி?”

“எங்க அக்காவுக்கு.”

“வந்துடுவாங்க. அதுக்கு ஏன் நிக்கிறீங்க?” பக்கத்து நாற்காலியை எட்டிப் பிடித்து என் பக்கம் இழுத்துவிட்டாள். “உக்காருங்க.”

உட்கார்ந்தேன். மறுபடி அழுத்தினேன்.