கண்ணாடிக்குள் நான்கு நாவல்கள்

எங்கள் நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல்களின் அடுக்கு கழிப்பறைச் சுவரை ஒட்டி இருந்தது. அந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு நின்று பார்க்க அவகாசம் இருக்காது. திரும்பிப் போகும்போது கை ஈரமாக இருக்கும். அதனால் அங்கிருந்த நாற்பது நாவல்களையும் யாரும் தொட்டதில்லை, என்னைத் தவிர.

நான் அங்கே தினக்கூலி. வாசகர்கள் மேசையில் போட்டுவிட்டுப் போகிற புத்தகங்களை எடுத்து, எண் பார்த்து, அடுக்கில் சொருகுவது என் வேலை. தினக்கூலிக்கு உறுப்பினர் அட்டை கிடையாது. புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே நின்றபடியே படித்தேன். ஒரு கையில் தூசித் துணி, மறு கையில் பனி பெய்கிற ஏதோ ஒரு நாடு. இரண்டு வருடத்தில் நாற்பதையும் முடித்தேன், சிலவற்றை மூன்று முறை. பெயரைக்கூட ஒழுங்காக உச்சரிக்க வராத மனிதர்களுக்காக அந்தச் சுவரில் சாய்ந்து அழுதிருக்கிறேன். கழிப்பறைக்குப் போய்வருகிறவர்கள் எனக்கு வேறு ஏதோ உபாதை என்று நினைத்து இரக்கத்தோடு பார்த்துவிட்டுப் போவார்கள்.

நூலகத்தின் பதிவில் இதெல்லாம் நடக்கவே இல்லை. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னாலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். யாராவது இரவல் எடுத்தால் அதில் தேதி முத்திரை விழும். மூன்று வருடம் முத்திரை விழாத புத்தகம் யாருக்கும் வேண்டாத புத்தகம். வருடக் கடைசியில் பட்டியல் போட்டு, கழித்து, மூட்டை கட்டிக் காகித ஆலைக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த வருடம் என் நாற்பதுக்கும் முறை வருகிறது என்று தெரிந்து நான் சோறு இறங்காமல் திரிந்த வாரத்தில்தான் மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது.

நூலகப் பணியாளர்கள் தாங்கள் விரும்பிப் படித்த நாவல்களை வாசகர்களுக்குப் பரிந்துரைக்க வேண்டுமாம். ஒவ்வொரு நாவலோடும் பரிந்துரைப்பவரின் பெயரும் காரணமும் எழுதிய அட்டை இருக்க வேண்டும். பத்து நாளில் ஆய்வு.

தலைமை நூலகர் அதை உரக்கப் படித்து முடித்ததும், புத்தகம் கொடுத்து வாங்குகிற கவுண்டர் அக்கா, கிழிந்ததைத் தைக்கிற பைண்டர் அண்ணன், வாட்ச்மேன் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“விரும்பிப் படிச்சதுன்னா, படிச்சே ஆகணுமா சார்?” என்றார் வாட்ச்மேன்.

“அப்படித்தான் போட்டிருக்கு.”

“பதினெட்டு வருஷமா புத்தகத்தைக் கொடுக்கவும் வாங்கவுமே எனக்கு நேரம் சரியா இருக்கு” என்றாள் கவுண்டர் அக்கா. “நடுவுல எங்க படிக்கிறது? செருப்புக்கடைக்காரர் எல்லாச் செருப்பையும் போட்டு நடந்து பாத்துட்டா விக்கிறாரு?”

தலைமை நூலகரின் பார்வை சுற்றிவந்து என்மேல் நின்றது. “ஏம்மா, நீ எப்பவும் அந்தச் சுவரோரமா நின்னு படிச்சுக்கிட்டுத்தானே இருப்ப?”

இத்தோடு வேலை போனது என்று நினைத்தேன். அவர், “ஆளுக்கு ஒண்ணு எடுத்துக் கொடு. அட்டையையும் நீயே எழுதிடு” என்றார்.

“நானும் ஒண்ணு பரிந்துரைக்கலாமா சார்?”

“பணியாளர்னு போட்டிருக்கும்மா. நீ தினக்கூலி.”

அது எனக்கு உறைக்கவில்லை. என் புத்தி வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. என் அடுக்கிலிருந்து நான்கு நாவல்களை முன்வாசலுக்குக் கொண்டுபோய்விட்டால், நாலு பேர் எடுப்பார்கள். எடுத்தவர்கள் இதுபோல இன்னும் இருக்கிறதா என்று கேட்பார்கள். நாற்பதும் பிழைத்துக்கொள்ளும்.

தலைமை நூலகர் நான் முதலில் கொடுத்த நாவலைக் கையில் ஏந்தி எடை பார்த்தார். “இன்னும் கொஞ்சம் கனமா இருக்கட்டும். என் பதவிக்குன்னு ஒண்ணு இருக்குல்ல.” அறுநூற்று நாற்பது பக்கத்தில் ஒன்றைக் கொடுத்தேன். முதுகில் தங்க எழுத்து இருந்ததால் முகம் மலர்ந்தது.

“கதை என்ன?”

“ஒரு உப்புச் சுரங்கத்துல குமாஸ்தா சார். நாற்பது வருஷமா லீவு கேட்டு எழுதிக்கிட்டே இருக்கான்.”

“கிடைச்சுதா?”

“கடைசி வரைக்கும் இல்ல சார்.”

“நல்ல நாவல்” என்றார்.

வாட்ச்மேன் தனக்கு எவ்வளவு மெல்லிசாகக் கிடைக்குமோ அவ்வளவு நல்லது என்றார். யாராவது நிறுத்திக் கதை கேட்டால் சீக்கிரம் முடிய வேண்டுமே. பைண்டர் அண்ணன் என் உதவியைக் கேட்கவே இல்லை. அடுக்குக்கு நேராக வந்து, ஒவ்வொன்றாக எடுத்து முதுகை வளைத்தார், பசையை மோந்தார், கடைசியில் ஒன்றைத் தட்டிக்கொடுத்தார். “இருபது வருஷப் புத்தகம். ஒரு தாள் ஆடல பாரு. நூல் போட்டுத் தச்சிருக்கான் மனுஷன்.”

“கதையப் பத்தி என்ன எழுதட்டும் அண்ணே?”

“கதை எப்படியோ, தாள் உதிராதுன்னு எழுது.”

அப்படியே எழுதினேன். நான்கு அட்டைகளில் அது ஒன்றுதான் உண்மை.

கவுண்டர் அக்காவுக்கு ஒரே நிபந்தனை. “யாரும் யாரோடயும் ஓடிப்போகக் கூடாது. எம்பேரு போட்டு வைக்கப்போறீங்க, நாலு பேரு பாப்பாங்க.” எனக்கு உயிரான நாவலை அவளுக்குக் கொடுத்தேன். ஒரு கலங்கரை விளக்கத்தில் இரண்டு சகோதரிகள். முப்பது வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. ஒருத்தி விளக்கை ஏற்றுவாள், மற்றவள் அணைப்பாள்.

“ஏன் பேசிக்கல?”

“அதைக் கடைசிவரைக்கும் சொல்ல மாட்டாங்க அக்கா.”

“சொல்லாம இருக்கறதுக்கு எதுக்கு முன்னூறு பக்கம்?”

அட்டைகளில் என் இரண்டு வருடப் பிரியத்தையும் கொட்டி எழுதினேன். காலையில் வந்து பார்த்தால், தலைமை நூலகர் தன் அறையில் கேடயங்கள் வைத்திருந்த கண்ணாடி அலமாரியை முன்வாசலுக்கு நகர்த்தச் செய்து, நான்கையும் உள்ளே நிறுத்தி, பூட்டி, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். மேலே பலகை: ‘பணியாளர் விரும்பிய நாவல்கள். காட்சிக்கு மட்டும்.’

“சார், எடுத்துப் படிக்கத்தானே பரிந்துரை?”

“ஆய்வு வர்ற நேரத்துல எவனாவது ஒண்ண எடுத்துட்டுப் போயிருந்தா? நாலுக்கு மூணுதான் இருக்குன்னு எழுதிடுவாங்க. ஆய்வு முடியட்டும்.”

அட்டைகள் வேலை செய்தன. அதுதான் வயிற்றெரிச்சல். வருகிறவர்களெல்லாம் கண்ணாடியில் மூக்கு பதிய நின்றார்கள். எதிர்க்கடைத் தையற்காரி, கழுத்தில் அளவு நாடாவோடு, இரண்டாம் நாளே கவுண்டருக்கு வந்துவிட்டாள்.

“அந்த அக்கா தங்கச்சி புத்தகத்தக் கொடுங்க.”

“அது காட்சிக்கு.”

“அப்ப எதுக்கு அப்படி உருகி எழுதியிருக்கீங்க? உங்க பேருதானே இருக்கு? சரி, அந்த ரெண்டு பேரும் என்னதான் ஆனாங்க, வாயாலயாவது சொல்லுங்க.”

கவுண்டர் அக்கா என்னைப் பார்த்து விழித்தாள். நான் பின்னால் புத்தகம் அடுக்குகிற சாக்கில் போய் முதல் அத்தியாயத்தைக் காதில் ஓதினேன். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. காலையில் நான் அக்காவுக்கு ஒரு அத்தியாயம் சொல்வேன், சாப்பாட்டு நேரத்தில் அவள் தையற்காரிக்குச் சொல்வாள்.

ஆய்வு ஏழு நிமிடம் நடந்தது. அலமாரிக்கு முன்னால் எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்கள்.

“இந்த நாவல்ல உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச இடம்?” என்று கேட்டார் வந்த அதிகாரி.

“லீவு கொடுக்காத இடம் சார்” என்றார் தலைமை நூலகர், கண்ணிமைக்காமல்.

அதிகாரி அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஆய்வு முடிந்ததும் சாவி கேட்டேன். படம் ஆண்டு மலரில் வரப்போகிறது, பார்த்துவிட்டு இன்னும் யாராவது வருவார்கள், இருக்கட்டும் என்றார். இருக்கட்டும் இருக்கட்டும் என்று இரண்டு மாதம் போய், கழிக்க வேண்டிய புத்தகங்களின் பட்டியல் கணினியிலிருந்து வந்து விழுந்தது. என் நாற்பதும் அதில் இருந்தன. அலமாரியிலிருந்த நான்கும் சேர்த்துத்தான் நாற்பது.

பட்டியலோடு அவர் அறைக்குப் போனேன். “சார், உங்களுக்குப் பிடிச்ச நாவலைக் கழிக்கச் சொல்லி வந்திருக்கு.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “மூணு வருஷமா யாரும் எடுக்கலையேம்மா.”

“பூட்டியில்ல வச்சிருக்கீங்க.”

“பூட்டினது ரெண்டு மாசம். அதுக்கு முன்னாடி எடுத்திருக்கலாமே?”

“நான் படிச்சேன் சார். நாற்பதையும்.”

“முத்திரை இருக்கா?”

மெதுவாகக் கேட்டேன்: “மிச்சம் முப்பத்தாறையும் ஒரே ஒரு வாரம் முன்மேசையில வைக்கிறேன் சார். எல்லாத்துக்கும் அட்டை எழுதுறேன். யாராவது எடுத்தா பட்டியல்லேர்ந்து போயிடும்ல?”

“யாரு பேர்ல அட்டை? பணியாளர் நாலு பேர்தான். ஆளுக்கு ஒரு நாவல் பிடிச்சாப் போதாதா?” சிவப்புப் பேனாவை எடுத்தார். “இந்த நாலை மட்டும் அடிச்சுடறேன். பிடிச்சதையே கழிச்சோம்னு வெளியில தெரிஞ்சா அசிங்கம். இனிமே இது அலமாரியிலயே இருக்கட்டும், யாருக்கும் கொடுக்க வேண்டாம்.”

முப்பத்தாறையும் மூட்டை கட்டியது நான்தான். அது என் வேலை. பைண்டர் அண்ணன் கயிறு கொண்டுவந்தார். ஒன்றிரண்டை எடுத்து முதுகைத் தடவி, “தையல் எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று சொல்லி மூட்டைக்குள் திரும்ப வைத்தார். வாட்ச்மேன் வண்டிக்குக் கதவைத் திறந்துவிட்டார். கழிப்பறைச் சுவரோரம் காலியான அடுக்கில் துடைப்பங்களை வைத்தார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு யாருக்கும் கதை சொல்ல வாய் வரவில்லை. நான்கு நாள் கவுண்டர் பக்கமே போகவில்லை. ஐந்தாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாகப் போனபோது, தையற்காரிக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தார்கள். கவுண்டர் அக்கா முழங்கையை ஊன்றிக்கொண்டு சொல்லிக்கொண்டிருந்தாள்.

“சின்னவ அன்னிக்குன்னு பாத்து விளக்க ஏத்தல.”

“ஐயையோ, கப்பல்?”

“கப்பல்லதான் மாமியார் வந்துக்கிட்டிருக்கா.”

புத்தகங்கள் கையிலிருந்து நழுவப் பார்த்தன. “அக்கா, அதுல மாமியாரே கிடையாது. ரெண்டு பேருக்கும் கல்யாணமே ஆகல.”

“நீ படிச்சதுல ஆகல” என்றாள் கவுண்டர் அக்கா. “நீ சொன்னத அப்படியே சொன்னேன், நாலாவது நாளே இவங்க கொட்டாவி விட்டாங்க. முப்பது வருஷம் பேசாம இருக்கறத எவ்வளவு நேரம் சொல்றது?”

“நீங்க படிக்கவே இல்லையே அக்கா.”

“எனக்குப் பிடிச்ச நாவல். எம்பேருதான் போட்டிருக்கு.”

“நீ கொஞ்சம் சும்மா இரும்மா” என்றாள் தையற்காரி என்னிடம். “நீங்க சொல்லுங்க அக்கா. பெரியவளுக்கு முன்கூட்டியே தெரியுமா, மாமியார் வர்றது?”

அந்த நாவலை மூன்று முறை படித்தவள் நான். அதன் ஒரு வரியைக்கூட இனி யாரும் எடுத்துப் படிக்கப்போவதில்லை. புத்தகங்களை மேசைமேல் இறக்கி வைத்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றேன். பெரியவளுக்குத் தெரியுமா என்று நானும் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.