இருபத்திநாலு இன்ச்

கல்யாணமான முதல் மாதமே நூர் முகமதுவின் கழுத்து மனைவியின் பொறுப்புக்கு வந்து சேர்ந்தது.

சாயங்காலம் தையல் கடையை மூடிவிட்டு அவன் வாசல்படி ஏறும்போதே தாஹிராவுக்குத் தெரிந்துவிடும். கூப்பிட்டால் தலையைத் திருப்ப மாட்டான். உடம்போடு சேர்த்துத்தான் திரும்புவான். உடனே அடுப்பில் இரும்புச் சட்டி ஏறும். கல்லுப்பை வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிந்து, சூட்டைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அவன் பிடரியில் ஒற்றுவாள். உப்பில் அடங்காவிட்டால் நொச்சி இலை. அதிலும் அடங்காவிட்டால், தவிட்டை வறுத்துக் கொட்டுவதற்கென்றே அவள் தைத்து வைத்திருந்த நீளப் பை. அதைத் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டு அவன் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான்.

"எல்லாம் அந்த மிஷினாலதான். நாள் பூரா குனிஞ்சே கெடந்தா கழுத்து இன்னாத்துக்கு ஆவும்?" என்பாள்.

"ஆமா," என்பான் நூர்.

அவள் சொன்னாள் என்று தையல் மிஷினின் நான்கு கால்களுக்கும் அடியில் செங்கல் வைத்தான். செஞ்சி கடைத்தெருவில் அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. செங்கல்லால் ஒரு பலனும் வராது என்பது வைக்கும்போதே அவனுக்குத் தெரியும். வலி மிஷினால் வந்ததல்ல. வலிக்குக் காரணம் வாசலில் சுவரில் சாய்ந்து நின்றது, கறுப்பாக, பளபளவென்று, மாமனார் கொடுத்த சைக்கிள்.

அதில் மாமனாரைக் குறை சொல்ல வழியில்லை. திண்டிவனத்தில் இருந்த ஜகபர் அலி, நிக்காஹுக்கு ஒரு மாதம் முன்பே மாப்பிள்ளைக்கு ஒரு கார்டு போட்டிருந்தார். 'சைக்கிள் எடுக்கப் போகிறேன். தங்களுக்கு இருபத்திரண்டு இன்ச்சா, இருபத்திநாலு இன்ச்சா? ஒரு வரி எழுதவும்.'

நூர் முகமது ஊரில் உள்ளவர்களின் தோளையும் இடுப்பையும் அளக்கிறவன். ஒருவன் நடந்து வரும்போதே கால்சட்டைக்கு எவ்வளவு துணி வேண்டும் என்று சொல்லிவிடுவான். தன் உயரம் தனக்குத் தெரியாதா? இருபத்திரண்டே அவனுக்குக் கொஞ்சம் பெரிது. ஆனால் ஜகபர் அலி நெட்டையான மனிதர். மாப்பிள்ளை பார்க்கக் கடைக்கு வந்தபோது தலையைக் குனிந்துதான் உள்ளே வந்தார். அவரைக் கண்ட பிறகு நூர் மிஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை. டீ வரவழைத்தது, பேசியது, சலாம் சொல்லி வழியனுப்பியது எல்லாம் உட்கார்ந்தபடிதான். தையல்காரன் மிஷினில் உட்கார்ந்திருந்தால் யார் தப்பாக நினைக்கப்போகிறார்கள்? அந்த வேஷம் கலையக்கூடாது என்றுதான் பதில் கார்டில் 'இருபத்திநாலு' என்று எழுதினான். எழுதித் தபால் பெட்டியில் போட்ட கையாலேயே திருப்பி எடுத்துவிடலாமா என்று தோன்றியது. பெட்டியின் வாய் சின்னது.

நிக்காஹ் அன்று ஜகபர் அலி அந்தச் சைக்கிளுக்கு மாலை போட்டு, திண்டிவனத்திலிருந்து தானே மிதித்துக்கொண்டு வந்தார்.

அன்றிலிருந்து பொய்க்குக் காவல் காப்பதே நூருக்கு ஒரு வேலையாகிவிட்டது. வீட்டிலிருந்து தெருக்கோடி வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போவான். "குழந்தைங்க குறுக்க வரும்," என்று காரணம் சொல்வான். தெரு திரும்பினால் ஒரு மதகு. அதன் கல்மேல் ஏறி நின்றுதான் சைக்கிளில் காலைப் போடுவான். சீட்டை அடியோடு இறக்கியும் கால் விரல்நுனிதான் பெடலைத் தொட்டது. கைப்பிடியோ பக்கத்து ஊரில் இருக்கிற மாதிரி எட்டி இருந்தது. நெஞ்சைக் கவிழ்த்துக் கையை நீட்டினால்தான் பிடிக்க முடியும். அப்படிக் கவிழ்ந்தபின் ரோட்டைப் பார்க்க மூஞ்சியைத் தூக்கவேண்டும். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அளவெடுக்கத் தொண்டூருக்கும் தளவானூருக்கும் போய்வருகிற நாட்களில், அரைமணி நேரத்துக்குள் பிடரியில் ஆணி இறங்கும். ஈரத் துண்டைக் கழுத்தில் சுற்றிப் பார்த்தான். சாக்கை மடித்துக் கட்டிச் சீட்டின் முனையில் உட்கார்ந்து பார்த்தான். கடைசியில், ஆளில்லாத இடமாகப் பார்த்து இறங்கி, மல்லாட்டைச் செடி விளைந்த கொல்லை ஓரம் நின்று தலையை இப்படியும் அப்படியும் உருட்டிவிட்டு, மறுபடி ஏறுவதற்கு ஒரு கல்லைத் தேடுவதே வழக்கமானது.

இப்படியே காலம் போயிருக்கும். தாஹிராவின் சிநேகிதி ஜாஹிதா பேகத்துக்குத் தொண்டூரில் குழந்தை பிறந்தது.

"பஸ்ஸுல போயிட்டு வந்துடலாம்," என்றான் நூர்.

"வாசல்ல சைக்கிள வெச்சிக்கினு பஸ் எதுக்குங்க? எங்க அத்தா வாங்கிக் குடுத்ததுல நான் ஒரு நாள்கூட ஏறல."

அவள் முகத்தைப் பார்த்து அவனால் மறுக்க முடியவில்லை. மதகுக் கல்மேல் நின்று ஏறியபோது, "பின்னாடி ஆள் இருந்தா இப்படித்தான் ஏறணும்," என்றான். அவள் நம்பினாள். துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு கேரியரில் உட்கார்ந்தாள்.

கடைத்தெருவில், கனகராஜின் சைக்கிள் கடைக்கு எதிரே, ஒரு மாட்டு வண்டி திடுமென்று குறுக்கே திரும்பியது. நூர் பிரேக்கைப் பிடித்தான். வேறு யாராக இருந்தாலும் ஒரு காலை ஊன்றி நின்றிருப்பார்கள். அவன் கால் தரையைத் தேடியது. தரை வெகு கீழே இருந்தது. சைக்கிள் நிதானமாக, பார்த்தவர்களெல்லாம் நன்றாகப் பார்க்கும்படி, சாய்ந்து விழுந்தது.

தாஹிரா முழங்கையை ஊன்றி விழுந்திருந்தாள். பூக்கடையில் யாரோ சிரித்தார்கள்.

நூருக்குக் காது கொதித்தது. எழுந்து வேட்டியைக்கூடத் தட்டாமல், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஆடாம உக்காரத் தெரியாதா ஒனக்கு? பின்னாடி உக்காந்துக்கினு அசஞ்சா வண்டி எப்டி நிக்கும்?" என்றான்.

கேரியரில் அவள் அசையவே இல்லை. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். துப்பட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே போனான். அந்தத் தெரு அவ்வளவு நீளம் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

அடுத்த வீட்டில் இருந்த அவன் அக்கா மெஹராஜ் பேகத்துக்கு அவர்கள் வருவதற்குள் செய்தி வந்திருந்தது. "திண்டிவனத்துல பொண்ணுங்களுக்கு சைக்கிள்ல உக்காரக் கத்துத் தரமாட்டாங்களா தாஹிரா? எந்தம்பி எலும்பு தப்பிச்சுதே," என்றாள். நூர் சைக்கிளைச் சுவரில் சாய்ப்பதில் மும்முரமாக இருந்தான்.

அன்று சாயங்காலமும் சட்டி அடுப்பில் ஏறியது. வீங்கிய முழங்கையோடு அவள் உப்பை முடிந்துகொண்டு வந்தாள்.

"இன்னிக்கு வேணாம்," என்றான்.

"குனிங்க," என்றாள்.

அவள் அன்றைக்கு ஒரு வார்த்தை கோபமாகப் பேசியிருந்தால் அவனுக்குத் தேவலாம் என்று இருந்திருக்கும். கழுத்தில் இறங்கிய சூட்டில் உடம்பெல்லாம் கூசியது.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுது வந்து, சாப்பிட்டுப் பாயில் படுத்தவன், காலில் ஏதோ ஊர்வதாக உணர்ந்து விழித்தான். தாஹிரா அவனுடைய அளவு நாடாவை அவன் இடுப்பிலிருந்து குதிகால் வரை பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்றே?"

"அன்னிக்கு ஒங்க முதுகுக்குப் பின்னாலதான உக்காந்திருந்தேன்," என்றாள் நாடாவைச் சுருட்டியபடி. "இடுப்பு இந்தப் பக்கம் ஒரு தரம் எறங்குது, அந்தப் பக்கம் ஒரு தரம் எறங்குது. கழுத்து மட்டும் அண்ணாந்துக்கினே இருக்குது. சட்டை தொளதொளன்னு இருந்தா ஒடம்புக்கா ஒத்தடம் குடுப்பீங்க? சட்டையத்தான புடிச்சுத் தைப்பீங்க. நான் அஞ்சு மாசமா ஒங்க கழுத்துக்கு உப்பு வறுத்துக்கினு இருந்திருக்கேன்."

நூர் எழுந்து உட்கார்ந்தான். கார்டு எழுதிய கதையைச் சொன்னான். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் உள்ளே போய் நான்கு மரத்துண்டுகளைக் கொண்டுவந்தாள். விறகிலிருந்து பிளந்து சீவியவை. கூடவே பழைய டியூபிலிருந்து கிழித்த ரப்பர் வார்கள். "பெடலுக்கு மேலயும் கீழயும் வெச்சு கட்டிட்டா கால் எட்டும். சீட்டத் திருப்பி மாட்டினா முன்னால வரும். கைப்பிடிய மேல தூக்கிட்டா கழுத்து நேரா நிக்கும். நானே யோசிச்சேன்."

"கட்டை கட்டி ஓட்டறதா? அது சின்னப் பசங்களுக்குக் கட்டறது. ஊரே சிரிக்கும், தாஹிரா."

அவள் மரத்துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டாள். "அன்னிக்கு என்னப் பாத்து சிரிச்சாங்களே," என்றாள்.

அப்போதுதான் வாசலில் நிழல் விழுந்தது. ஜகபர் அலி தலையைக் குனிந்து உள்ளே வந்தார். கீழே விழுந்த சேதி யார் மூலமோ திண்டிவனத்துக்குப் போய், அவர் பஸ் பிடித்து வந்திருந்தார். மெஹராஜ் பேகமும் அவர் பின்னாலேயே வந்து நின்றாள்.

அவர் மகளின் முழங்கையைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குரலைக் கடினமாக்கிக்கொண்டார். பெண்ணைக் கொடுத்த வீட்டில் பெண்ணைத்தானே கடிந்துகொள்ளவேண்டும் என்று நினைக்கிற தகப்பன் அவர். "கேரியர்ல உக்காந்தா கம்முனு இருக்கணும்னு தெரியாதா? மாப்ள கீழ வுழுந்து அடிபட்டிருந்தா அவங்க அக்காவுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"இனிமே பாத்து உக்கார்றேன் அத்தா," என்றாள் தாஹிரா.

நூருக்கு அந்த ஒரு வரி போதும் என்று ஆயிற்று. இத்தனை நாளும் உட்கார்ந்தே சமாளித்தவன் அன்று மாமனாருக்கு எதிரே எழுந்து நின்றான். அவன் தலை அவர் மார்புப் பையின் உயரத்தில் இருந்தது.

"மாமா, அவ அசையல. எனக்குக் கால் தரையில எட்டல. நாந்தான் அவமேல பழியப் போட்டேன். கார்டுல அளவையும் தப்பா எழுதிட்டேன். தெரிஞ்சேதான் எழுதினேன்."

மெஹராஜ் பேகம் கதவோரம் ஒதுங்கினாள். ஜகபர் அலி மாப்பிள்ளையை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். பிறகு பாயில் உட்கார்ந்தார்.

"மாப்ள, நான் ஒண்ணு சொன்னா வருத்தப்படக்கூடாது. அன்னிக்கு கடையில நீங்க எழுந்திருக்கவே இல்ல. கால்ல ஏதோ ஊனம், அத மறைக்கிறீங்கன்னு நெனச்சேன். வீட்ல யாருக்கும் சொல்லல. நல்ல பையன், இருந்துட்டுப் போவட்டும்னு சம்மதிச்சேன். அப்பவும் மனசு கேக்காமத்தான் சைக்கிள் அளவு கேட்டு கார்டு போட்டேன். இருபத்திநாலுன்னு பதில் வந்துச்சா, கால் நல்லாத்தான் இருக்குதுன்னு அன்னிக்குத்தான் தூங்கினேன்."

நூர் முகமதுவுக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கால் ஊனம் என்று நினைத்தும் பெண்ணைக் கொடுத்த மனிதரிடம் இரண்டு இன்ச்சை மறைத்திருக்கிறான்.

"கட்டையக் குடு தாஹிரா," என்றான்.

அவளே வாரை இழுத்துக் கட்டினாள். ஜகபர் அலி சீட்டைத் திருப்பி மாட்டிக் கைப்பிடியை உயர்த்தினார். நூர் வீட்டுப் படியிலிருந்தே ஏறி, தெருக்கோடி வரை தள்ளாமல், எல்லோரும் பார்க்க ஓட்டிக்கொண்டு போனான். யாரோ சிரித்தார்கள். கனகராஜ் கடை வந்ததும் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, ஒரு பக்கமாகச் சரிந்து குதித்தான்.

"கனகராஜு, அன்னிக்கு வுழுந்தது என்னாலதான். அவமேல தப்பில்ல," என்றான். பூக்கடைக்கும் கேட்கவேண்டும் என்று குரலை உயர்த்தித்தான் சொன்னான்.

கனகராஜ் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்த டியூபிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தெரியும் பாய். நீங்க மதகுமேல ஏறி ஏறுறது ஊருக்கே தெரியும். கேட்டா மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் யாரும் கேக்கல."

அவன் எப்படி வீடு வந்து சேர்ந்தான் என்பது அவனுக்கே நினைவில்லை. மாமனார் அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். தாஹிரா அடுப்படியில் இருந்தாள்.

"இப்ப வலி எப்படி இருக்குது?" என்று பின்னாலிருந்து கேட்டாள்.

அவன் தலையை மட்டும் திருப்பினான். வலித்தது, ஆனால் திரும்பியது. அடுப்படிக்குப் போய்ச் சட்டியை அடுப்பில் வைத்து, கல்லுப்பைக் கொட்டி வறுத்தான். துணியில் முடிந்து, அவள் செய்வதுபோலவே சூட்டைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். கொஞ்சம் அதிகமாகத்தான் சுட்டது. ஆறட்டும் என்று வைத்திருந்துவிட்டு, அவள் முன்னால் உட்கார்ந்தான்.

"கையக் காட்டு," என்றான்.