இரு

"இங்க எத்தனை?"

அண்ணன் கண்ணைத் திறக்காமலே போர்வைக்கு வெளியே மூன்று விரலை நீட்டினார். அவன் ப்ரூஃபின் ஓரத்தில் சிவப்புப் பேனாவால் மூன்று சின்னக் கட்டம் வரைந்து, அவை எந்த வரிக்கும் எந்த வரிக்கும் நடுவே போக வேண்டும் என்று ஒரு கோடு இழுத்தான். காலை ஒன்பதரை. இருநூற்று ஏழு பக்கத்தில் நூற்றுத் தொண்ணூற்றெட்டு முடிந்திருந்தது.

"மேல படி, டமாரம்."

அந்த வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர். நாற்பத்தாறு வயதாகி, லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு பேருக்கு மேலாளராக இருப்பவனை அப்படிக் கூப்பிட உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் உரிமை இருந்தது. அந்த ஆள் ஜன்னலோரம் வாடகைக்கு எடுத்த கட்டிலில் முப்பத்தெட்டு கிலோவாகப் படுத்திருந்தார். இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று மருத்துவமனையில் அனுப்பிவைத்து ஒன்பது நாள் ஆகியிருந்தது.

அண்ணனின் மூன்றாவது நாவல் மறுநாள் அச்சுக்குப் போகிறது. போகிற நேரத்தில் நடந்த கூத்து இது. அண்ணன் நோட்டில் கையால்தான் எழுதுவார். கதையில் எங்கெல்லாம் சும்மா இருக்க வேண்டுமோ அங்கெல்லாம் கட்டம் போடுவார். ஒரு கட்டத்துக்கு ஒரு வெற்று வரி என்று கணக்கு. முதல் இரண்டு நாவலையும் அண்ணியே தட்டச்சு செய்தார், அவருக்கு அது தெரியும். இந்த முறை அண்ணிக்கு மாத்திரை வேளைகளைக் கவனிக்கவே பொழுது சரியாக இருந்ததால் பதிப்பகத்தில் ஒரு பெண்ணிடம் கொடுத்தார்கள். அவள் கட்டத்தைக் கட்டமாகவே அடித்துவிட்டாள். தமிழில் ஒரு கோப்பை ஒரு எழுத்துருவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால், பிடிபடாத எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக நிற்கும் அல்லவா, பக்கம் அமைப்பவர் இதையும் அப்படித்தான் நினைத்தார். பொறுப்பான மனிதர். நானூற்றுச் சொச்சம் கட்டத்தையும் தேடிப் பிடித்து அழித்து, இடைவெளியை மூடி, நாவலை வழவழவென்று ஓடவிட்டுவிட்டார்.

ப்ரூஃபைப் பார்த்ததும் அண்ணன் ஒரு நாள் முழுக்கப் போர்வைமேல் விரலால் கட்டம் போட்டுக்கொண்டே இருந்தாராம். அப்புறம்தான் அண்ணி இவனுக்குப் போன் செய்தார்.

"தம்பி, உங்க கட்டத்த நீங்களே வந்து வெச்சுக் குடுத்துட்டுப் போங்க."

"என் கட்டமா?"

"பின்ன யாரோடது?"

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் ஒரு டயர் கிடங்கின் பின்னறையில் நாலு பேர் ராக் வாசித்தார்கள். அண்ணன் கிடாரும் பாட்டும். இவன் டிரம்ஸ். பேஸ் கிடாருக்கு, நின்ற இடத்திலிருந்து அசையாமல் வாசித்ததால் தூண் என்று பெயர் வாங்கிய ஒருவன். கீபோர்டுக்கு மாதத்துக்கு ஒரு ஆள் மாறினான். அம்மா அவர்களுடைய சட்டையை மற்ற துணியோடு ஊறவைக்க மாட்டாள். "பாட்டு பாடறீங்களா, பஸ் டயர மெல்றீங்களா?" என்பாள்.

நாலு பேரில் ஒருவருக்கும் இசைக் குறிப்பு எழுதத் தெரியாது. வாசிக்க வேண்டியதை மனப்பாடம் செய்துவிடலாம். சும்மா இருக்க வேண்டிய இடம்தான் தகராறு. நாலு பேரும் சேர்ந்து நிறுத்துவது எளிது, ஒருவன் தலையாட்டினால் போதும். நிறுத்திய பிறகு, பார்த்துக்கொள்ளாமல், ஒரே நொடியில் திரும்ப வருவதில்தான் வித்தை இருக்கிறது. அதற்கு யாராவது ஒருவர் எண்ண வேண்டும். சத்தம் இல்லாத நேரமும் சத்தம் இருக்கும் நேரத்தைப் போலவே ஓடிக்கொண்டுதான் இருக்கும். இவன் கணக்கு நோட்டில் கட்டம் போட ஆரம்பித்தான். நாலு தட்டுக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள் யாரும் எதையும் தொடக்கூடாது. ஒருமுறை நாலு கட்டம் சும்மா இருந்தபோது, கிடங்குச் சுவருக்குள் எங்கோ தண்ணீர் சொட்டுவது கேட்டது. அன்றைக்குக் குழுவுக்கு ஈரச்சுவர் என்று பெயர் வைத்தார்கள்.

ஒரே ஒரு இசைத்தட்டு வந்தது. தோள்பையில் வைத்து அவர்களே விற்றார்கள். இரண்டாவதற்குப் பாட்டெல்லாம் தயாரானபோது அண்ணன் நாவல் எழுதப் போகிறேன் என்று விலகிவிட்டார். முதல் நாவல் வந்ததும் ஒரு சிற்றிதழ் அவரைப் பேட்டி எடுத்தது. 'எனக்கு நிசப்தம் தேவைப்பட்டது' என்று அதில் சொல்லியிருந்தார். இவன் அதை நின்றபடியே படித்தான். அப்படியானால் சத்தம் யார்? அன்றே டிரம்ஸைக் கழற்றிப் பரணில் போட்டான். அண்ணனோடு பேச்சை விடவில்லை. நல்லது கெட்டதற்குப் போனான், வந்தான். ஆனால் இரண்டு நாவலும் தபால் உறையோடு இன்னும் அவன் அலமாரிமேல் இருந்தன.

பத்துப் பக்கம்கூட மீதி இல்லை என்ற நிலையில் அண்ணன் கண்ணைத் திறந்தார்.

"முந்தின ரெண்டையும் நீ படிக்கலல்ல?"

"ஏன், படிச்சேனே."

"மொத நாவல்ல கதாநாயகன் பேரென்ன?"

"வருஷமாச்சுண்ணா. மறந்துபோச்சு."

"கதாநாயகனே கெடையாது. மூணு அக்கா தங்கச்சி, ஒரு லாண்டரிக் கடை." அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அண்ணி ஓடிவந்து முதுகைத் தாங்கிப் பிடித்தார்.

"சிரிக்க வைக்காதீங்க தம்பி."

"நான் எங்க அண்ணி சிரிக்க வெச்சேன்? பொய்தான் சொன்னேன்."

"அந்த ரெண்டுலயும் கட்டம் இருக்கு," என்றார் அண்ணி, ஈரத்துணியால் அண்ணனின் வாயைத் துடைத்துக்கொண்டே. "எண்ணி எண்ணி எனக்கு விரலே தேஞ்சிருக்கு. ஒரு நாள் கேட்டேன், எதுக்கு இப்படி இடம் விடறீங்கன்னு. டமாரம் எண்ணிக்குவான்னாரு."

அவன் ப்ரூஃபைப் புரட்டினான். பேனா மூடியைத் தேடினான். அது அவன் கையிலேயே இருந்தது.

கடைசி அத்தியாயம்தான் சிக்கல். மற்றதற்கு நோட்டு இருந்தது, பார்த்துப் பார்த்துக் கட்டத்தை இறக்கிவிட்டான். கடைசி அத்தியாயம் எழுதும்போது அண்ணனால் பேனா பிடிக்க முடியவில்லை. அவர் சொல்லச் சொல்ல அண்ணி எழுதினார், அதில் கட்டமே கிடையாது. அதனால்தான் இவன் சத்தமாகப் படிக்க, அவர் விரல் காட்டிக்கொண்டிருந்தார்.

பதினொரு மணிக்கு இருநூற்று ஏழாம் பக்கத்துக்கு வந்தார்கள். பதினாறு வருடம் கழித்து ஒருத்தி தன் வீட்டுக்குத் திரும்பி வருகிறாள். உள்ளே யார் இருக்கிறார்கள், இருக்கிறார்களா என்றுகூட அவளுக்குத் தெரியாது. கதவைத் தட்டுகிறாள். அதற்கு அப்புறம் நாவலில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது: உள்ளே யாரோ செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது.

அவன் தட்டும் வரிவரை படித்து நிறுத்தினான். நிறுத்தியதுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. மொத்தப் புத்தகமும் இந்த ஒரு இடத்துக்காகத்தான் நடந்து வந்திருக்கிறது. ஒரு வரி விட்டால் உள்ளே இருப்பவர் அவளை எதிர்பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். நாலு வரி விட்டால் வயதாகிவிட்டது, அல்லது கோபம் இன்னும் தீரவில்லை. விடுகிற இடம் எவ்வளவோ, உள்ளே இருக்கும் ஆள் அவ்வளவு.

"அண்ணா, கடைசி எடம். இங்க எத்தனை?"

அண்ணனின் கை போர்வைக்கு வெளியே இருந்தது. விரல்கள் மூடியிருந்தன. உதடு பிரிந்தது.

"இரு."

அவன் இருந்தான். யோசிக்கட்டும் என்று பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தான். அவனை அறியாமல் கால் பெருவிரல் தரையில் தட்ட ஆரம்பித்தது, நாலு நாலாக. வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். பத்தாவது கட்டத்திலோ பன்னிரண்டாவது கட்டத்திலோ அண்ணி கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். கட்டிலைப் பார்த்தார். கிண்ணத்தை ஜன்னல் கட்டையில் வைத்தார். அப்புறம் அவன் காலைப் பார்த்தார்.

"போதும் தம்பி," என்றார். "எண்ணாதீங்க."

அதற்குப் பிறகு வீடு நிறைந்துவிட்டது. டாக்டர் வந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எதிர்வீட்டுக்காரர் நாற்காலிகள் கொண்டுவந்து போட்டார். தூண் தான் ஓட்டும் பள்ளிக்கூட பஸ்ஸைக் காலி செய்துவிட்டு, காக்கிச் சட்டையோடு வந்து, கட்டிலின் கால்மாட்டில் அசையாமல் நின்றான். வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: கடைசியா என்ன சொன்னாரு?

பதிப்பாசிரியரம்மா மூன்று மணிக்குப் போன் செய்தார். கொஞ்ச நேரம் அழுதார். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதக் கேக்கவே வாய் கூசுது, தம்பி. ஆறு மணிக்கு அச்சு பிளேட் போட்டாகணும். நீங்க அனுப்புன பக்கமெல்லாம் சேத்துட்டோம். அந்த ஒரு எடம் மட்டும் காலியா வந்திருக்கு. ரெண்டு வரின்னு நானே வெச்சுடட்டுமா?" என்றார்.

"வேணாம்மா. நான் சொல்றேன்."

பால்கனியில் தூணிடம் நடந்ததைச் சொன்னான். தூண் தாடையைத் தேய்த்தான்.

"'இரு'ன்னா சொன்னான்?"

"ஆமா."

"அப்ப ரெண்டுதான்டா. இருவர், இருபொருள், இருமடங்கு. எழுத்தாளன், இலக்கணமா சொல்லியிருக்கான்."

"சாகப்போற நேரத்துல எவன்டா இலக்கணம் பேசுவான்? கொஞ்சம் பொறுன்னு சொன்னாரு."

"வெரல் காட்டினானா?"

"கை மூடியிருந்துச்சு."

"அப்ப நாலு போடு. நமக்கு எப்பவும் நாலுதான்." தூண் சொல்லிவிட்டுச் சட்டைக் காலரால் கண்ணைத் துடைத்தான். "எவனாவது தப்பா எண்ணினா உன்னத்தான திட்டுவான். எங்கள ஒருநாளும் திட்டினதில்ல. எனக்கு அதுல பொறாமைகூட உண்டு."

ஐந்து மணிக்கு வண்டி வந்தது. ஏழாவது மாடி. வண்டியோடு வந்த இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரை லிஃப்ட் வாசலில் வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள்.

"நீளம் பத்தாது சார். நிமித்திதான் கொண்டுபோகணும். இல்லாட்டி படி."

அண்ணி அவனைப் பார்த்தார்.

"நிமித்த வேணாம்," என்றான் அவன். அந்தக் கட்டடத்து லிஃப்டையும் அவன் கம்பெனிதான் பார்த்துக்கொண்டது. சாவிக்கொத்தை எடுத்தான்.

சில லிஃப்டுகளில் பின்சுவரின் கீழ்ப்பாதி சுவர் அல்ல, கதவு. அதைத் திறந்தால் பின்னால் முக்கால் அடி ஆழத்துக்கு வெற்றிடம் கிடைக்கும். ஸ்ட்ரெச்சரின் கால்பக்கம் அதற்குள் போய்விடும். குடியிருப்பவர்கள் பத்து வருடம் அதில் சாய்ந்துகொண்டு ஏறி இறங்கினாலும் அது கதவென்று தெரியாது. அவன் அதைத் திறந்தான். அண்ணன் படுத்தபடியே உள்ளே போனார். பொத்தான்களுக்குக் கீழே இருந்த சின்ன மூடியை இன்னொரு சாவியால் திறந்து, ஒரு திருகியைத் திருப்பினான். அப்படித் திருப்பிவிட்டால் லிஃப்ட் பழுதுபார்ப்பவன் சொல்வதை மட்டும்தான் கேட்கும். எந்த மாடியில் யார் கூப்பிட்டாலும் நிற்காது. பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும்வரை, நடக்கிற வேகத்தில்கூட அல்லாமல், ஊர்ந்து இறங்கும். கையை எடுத்தால் அங்கேயே நின்றுவிடும். குலுங்காது.

அவன் கட்டைவிரலால் அழுத்தினான்.

அண்ணி அண்ணனின் தோள்பக்கம் நின்றார். வண்டிக்காரர்கள் ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கினார்கள். கதவின் இடுக்கு வழியே ஒவ்வொரு மாடியின் வெளிச்சமும் மெல்லிய கோடாகக் கீழிருந்து மேலே ஏறிப் போயிற்று. ஆறாவது மாடியில் குக்கர் விசில். ஐந்தாவதில் யாரோ தொலைபேசியில், "ஆமாமா, ஆமாமா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அப்புறம் வெறும் கம்பியின் முனகல். கட்டைவிரல் மரத்துப்போயிற்று. அவன் விரலை மாற்றவில்லை. மாற்றினால் ஒரு நொடி நிற்கும்.

தரைக்கு வந்து கதவு திறந்தபோதுதான், தான் எண்ணவே இல்லை என்பது அவனுக்குத் தெரிந்தது.

ஸ்ட்ரெச்சரை வெளியே இறக்கினார்கள். படியில் இறங்கி மூச்சிரைக்க நின்ற தூண் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டான். அவன் லிஃப்ட் வாசலில் நின்றபடியே போன் செய்தான்.

"அம்மா, கதவத் தட்டற வரியோட அந்தப் பக்கம் முடியட்டும். மிச்சத்த அப்படியே விட்டுடுங்க. கடைசி வரி, திருப்பினா வரட்டும்."

"பக்கம் முழுக்கவா?" அந்த அம்மா கணக்குப் போடுவது கேட்டது. "கட்டமெல்லாம் ஏறி எரநூத்தி இருவத்திமூணு பக்கம் ஆயிருக்கு. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம்… பதினாலு ஃபாரம், எரநூத்தி இருவத்திநாலு. கடைசிப் பக்கம் சும்மாதான் இருக்கு. எடம் இருக்கு. ஆனா தம்பி, புத்தகம் முடிஞ்சுபோச்சுன்னு நெனச்சு மூடிட மாட்டாங்களா?"

"சில பேரு மூடுவாங்கம்மா."

மறுமுனையில் தாளைத் திருப்பும் சத்தம் கேட்டது.

"சரி," என்றார் அந்த அம்மா.

வாசலில் வண்டியின் பின்கதவைத் திறக்கும் சத்தம் வந்தது. அண்ணி திரும்பிப் பார்த்து, "வாங்க தம்பி," என்றார். "இதோ வந்துட்டேன் அண்ணி," என்று அவன் மறுபடி லிஃப்டுக்குள் போனான். பின்சுவரை மூடிப் பூட்டினான். திருகியைப் பழையபடி திருப்பிவிட்டு வெளியே வந்தான்.

கதவு தானாக மூடிக்கொண்டது. அதற்கு மேலே இருந்த எண் ஒன்றாகி, இரண்டாகி, மூன்றில் நின்றது. அங்கே யாரோ இவ்வளவு நேரமும் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.