விரல் பட்ட பன்கள்

வீட்டை வாடகைக்கு விட்டவருக்கு வீட்டின் மேல் உரிமை உண்டு. உள்ளே குடியிருக்கும் மனுஷர்கள் மேல் கிடையாது. இந்தச் சின்ன விஷயம் வீட்டுக்காரர் சட்டாம்பிள்ளையின் மண்டையில் மட்டும் ஏறவே இல்லை. ஏறாவிட்டால் என்ன, நான் ஏற்றுகிறேன் என்று பன் அக்கா ஒருநாள் கிளம்பினாள். அவ்வளவுதான் கதை.

சட்டாம்பிள்ளை என்பது அப்பா அம்மா வைத்த பேர் இல்லை. குடித்தனக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்தது. கட்டடத்தில் கீழ்த்தளம் அவருக்கும் மனைவிக்கும். மேல் மாடியில் ஒரு வாத்தியார் குடும்பம். நடு மாடியில் பன் அக்கா, பஸ் ஓட்டும் அவள் புருஷன், கல்லூரிக்குப் போகும் மகள். பன் அக்கா வீட்டிலேயே பன் சுட்டு ஆஸ்பத்திரி கேன்டீனுக்குக் கொடுக்கிறவள். குடி வரும்போதே ஓவன் வைக்கப் போவதைச் சொல்லி, ஒப்பந்தத்திலும் எழுதி வாங்கிக்கொண்ட கெட்டிக்காரி. அந்தக் கெட்டிக்காரத்தனம் அதற்கப்புறம் எங்கே போய்ப் படுத்துக்கொண்டது என்றுதான் தெரியவில்லை.

ஏனென்றால் சட்டாம்பிள்ளை ஒன்று சொல்வார், அவள் "சரிங்கண்ணே" என்பாள். மாடிப்படியில் செருப்புச் சத்தம் தலைவலி தருகிறது என்றார். மூன்று பேரும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு திருடர்கள் மாதிரி ஏறினார்கள். துணியை முன்பக்கம் காயப்போட்டால் கட்டடத்தின் லட்சணம் கெடுகிறது என்றார். துணிகள் வெயிலே படாத பின்பக்கம் போய் ஈரவாடை அடித்தன. தம்பி குடும்பம் ஒரு நேரம் சாப்பிட வந்ததற்கு, விருந்தாளி வந்தால் முன்கூட்டியே தன்னிடம் சொல்ல வேண்டும் என்றார். மகள் பால்கனியில் போன் பேசிச் சிரித்ததற்குக்கூட ஒரு சட்டம் போட்டார்.

"வயசுப் பொண்ணு, இப்படி தெருவுக்கே கேக்கிற மாதிரி சிரிக்கலாமா? கட்டடத்துக்குன்னு ஒரு மரியாதை இருக்கில்ல."

அதற்கும் "சரிங்கண்ணே". குனியக் குனியக் குட்டுகிற ஆளிடம் குனிந்துகொண்டே இருந்தால் அவர் என்ன, தடவியா கொடுப்பார்?

அடுத்த குட்டு சாவி. குழாய் ஒழுகுகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டுமாம், ஆகையால் வீட்டின் இன்னொரு சாவி தன்னிடமே இருக்குமாம். டிரைவர், "பெரிய மனுஷர், இருந்துட்டுப் போகட்டும், நமக்கெதுக்கு வம்பு" என்றார். ஊரையே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகிற மனுஷனுக்கு வீட்டுக்காரர் முன்னால் நின்றால் பிரேக் மட்டும்தான் வேலை செய்யும்.

முதலில் மகள்தான் கண்டுபிடித்தாள். பூட்டிவிட்டுப் போன வீட்டில் யாரோ வந்து போயிருக்கிறார்கள் என்றாள். அலமாரிக் கதவு திறந்திருந்தது. மேஜையில் அவள் புத்தகம் வேறு பக்கம் திரும்பியிருந்தது. அம்மா அதைக் காதில் வாங்கிக்கொண்டதோடு சரி. பிறகு ஒரு மத்தியானம், மகள் தனியாக இருந்தபோது, குளித்துவிட்டுத் தலையில் துண்டோடு வெளியே வந்தவள், வாசல் கதவில் சாவி திரும்புவதைப் பார்த்துவிட்டாள். அன்றைக்கென்று தாழ்ப்பாள் போட மறந்திருந்தாள். போட்ட கூச்சலில் சாவி நின்றது. படியில் காலடிச் சத்தம் கீழே இறங்கியது.

பன் அக்கா போய்க் கேட்டாள். சட்டாம்பிள்ளை பேப்பரிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை.

"நானா? நான் எதுக்கும்மா உங்க வீட்டுக்குள்ள வரப்போறேன். இதுவரைக்கும் ஒரு தடவகூட வந்ததில்ல. பொண்ணுக்கு ஏதோ பிரமை. ரொம்பப் படிச்சா அப்படித்தான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அது இதுதான். ஆனால் மறைத்தவரை விடுங்கள். வீட்டுக்கு வந்து அம்மாக்காரி என்ன கேட்டாள் தெரியுமா? "நீ நல்லாப் பாத்தியாடி?" என்று கேட்டாள். டிரைவர் தன் பங்குக்கு, காற்றில் கதவு ஆடியிருக்கும் என்றார்.

 அன்றிலிருந்து மகள் வீட்டுக்குள்ளும் வெளியே போகிற உடுப்போடே இருந்தாள். தாழ்ப்பாள் போட்டு, அதன் பின்னால் நாற்காலியையும் இழுத்துப் போட்டாள். சிரிப்பு சுத்தமாக நின்றுபோயிற்று. ஒருநாள் பன் அக்கா பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில் துடைப்பம் எதிலோ இடித்தது. குனிந்து பார்த்தால் பை. மகளின் துணிமணியெல்லாம் அதற்குள் இருந்தது.

"சித்தி வீட்டுக்குப் போறேம்மா. ஞாயித்துக்கிழமை. அங்கருந்தே காலேஜுக்குப் போய்க்கிறேன்."

"இது உன் வீடுடி."

"என் வீடா இருந்தா நான் சொன்னத யாராவது நம்பியிருப்பீங்க."

 ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இலவசச் சட்ட உதவி கொடுக்கும் ஒரு அறை உண்டு. பன் கொடுத்துவிட்டு வரும் வழியில் பன் அக்கா அங்கே நுழைந்துவிட்டாள். அங்கிருந்த வக்கீலம்மா, தினமும் அவள் பன்னைத்தான் டீயில் நனைத்துச் சாப்பிடுகிறவர். விஷயத்தைப் புட்டுப் புட்டு வைத்தார். முன்கூட்டிச் சொல்லாமல், சம்மதம் வாங்காமல் வீட்டுக்காரர் உள்ளே கால் வைக்கக் கூடாது. பூட்டை மாற்றிக்கொள்ளலாம், பழைய பூட்டைப் பத்திரமாக வைத்திருந்து காலி பண்ணும்போது மாட்டிக் கொடுத்தால் போதும். காலி பண்ணச் சொன்னால் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் அது தனிக் குற்றம்.

"அப்புறம் என்னக்கா தயக்கம்?" என்று வக்கீலம்மா கேட்டார்.

 சட்டம் பன் அக்காவுக்கு இப்போது தெரிந்துவிட்டது. மகள் சொன்னது நிஜமா என்பதுதான் இன்னும் நிச்சயமாகத் தெரியவில்லை. அதை வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது. பெற்ற பிள்ளையின் வார்த்தைக்குச் சாட்சி தேடுகிற அம்மாவை என்னவென்று சொல்வது? நான் திட்டினால் அவள் அழுவாள், ஆகையால் விட்டுவிடுகிறேன்.

சனிக்கிழமை காலை. முதல் ஈடு பன்களைச் சுட்டுக் கூடையில் எடுத்துக்கொண்டு, அடுத்த ஈட்டுக்கு மாவை உருட்டித் தட்டில் அடுக்கி, ஈரத்துணி போட்டு மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். டிரைவர் விடியும் முன்னமே பஸ் எடுக்கப் போய்விட்டார். மகளும் அம்மாவோடே படியிறங்கிக் கல்லூரிக்குப் போனாள். வீட்டைப் பூட்டியது மகள்தான். இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

திரும்பி வந்து பன் அக்கா துணியைத் தூக்கினாள். மாவு நன்றாக உப்பிக் கன்னம் கன்னமாக நின்றது. முதல் வரிசையில் ஒவ்வொரு கன்னத்திலும் ஒரு குழி.

இந்த மாவுக்கு ஒரு குணம் உண்டு. உருட்டிய சூட்டில் குத்தினால் குழி மெல்ல மேலே வந்து மூடிக்கொள்ளும். முழுசாக உப்பிய பிறகு குத்தினால் குத்தியது குத்தியபடியே நிற்கும். மனுஷனுக்கும் ஒரு குணம் உண்டு. உப்பிய மாவைப் பார்த்தால் விரல் சும்மா இருக்காது. கல்யாணமான புதிதில் டிரைவருக்கும் இந்த வியாதி இருந்தது. கரண்டிக் காம்பால் புறங்கையில் நாலு போட்ட பிறகுதான் குணமாயிற்று. ஆகவே பழக்கதோஷத்தில் முதல் சந்தேகம் அவர் மேல்தான் போனது. போன் போட்டாள்.

"மாவுல கை வச்சீங்களா?"

"அடிப்பாவி, நான் பஸ்ல இருக்கேன். வண்டி நிறைய ஜனம். வேணும்னா கண்டக்டர்கிட்ட கேளு."

போனை வைத்தாள். பூட்டின வீடு. ஆள் இல்லாத வீடு. தன் சுண்டுவிரலைக் குழிக்குள் விட்டுப் பார்த்தாள். ஆள்காட்டி விரலையும் விட்டாள். இரண்டும் உள்ளே ஆடின. யாரோ தடித்த விரலால், ஒன்றைக் குத்தி ருசி கண்டு, வரிசையாகக் குத்தியிருக்கிறார்கள். துணியை மறுபடி மூடியும் வைத்திருக்கிறார்கள், என்ன ஒரு மரியாதை.

பன் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். பயமில்லை. "நல்லாப் பாத்தியாடி" என்று கேட்ட தன் வாயை நினைத்துத்தான் அழுகை வந்தது. கொஞ்ச நேரம் அழுதாள். மூக்கைச் சிந்தினாள். எழுந்தாள்.

வேறு நாளாக இருந்தால் மாவைச் சேர்த்துப் பிசைந்து மறுபடி உருட்டியிருப்பாள். அன்றைக்கு அப்படியே ஓவனில் தள்ளினாள். குழிகள் குழிகளாகவே பொன்னிறமாக வெந்தன.

மகள் வந்ததும் தட்டைக் காட்டினாள். 

"நீ சொன்னது நிஜம்டி. நான்தான் நம்பல. தப்பு என் மேல."

மகள் ஒரு குழியில் தன் விரலை வைத்துப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். "இப்ப என்னம்மா பண்ணப் போற?" என்று கேட்டாள்.

"வா, காட்டுறேன்."

செருப்பைக் காலில் போட்டுக்கொண்டாள். கையில் இல்லை, காலில். படபடவென்று இறங்கினாள். தட்டு அவள் கையில், மகள் அவள் பின்னால். கீழே சட்டாம்பிள்ளை வழக்கம்போல் படிக்கட்டருகே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி பக்கத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்த டிரைவரும் அந்நேரம் பார்த்துக் கேட்டைத் திறந்தார்.

"சார், இன்னைக்கு எங்க வீட்டுக்குள்ள வந்தீங்களா?"

அண்ணே போய் சார் வந்ததை அவர் கவனித்தார். "திரும்பவும் ஆரம்பிச்சிட்டியா. அதான் சொன்னேனே, நான் வந்ததே இல்லன்னு."

"அப்ப இந்தக் குழியில உங்க விரல வச்சுக் காட்டுங்க."

வீட்டுக்காரம்மா தட்டை எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"இவரு கைதான் இது. நான் மாவு பிசைஞ்சு மூடி வச்சாலும் திறந்து ஒரு குத்துக் குத்தலன்னா இவருக்குத் தூக்கமே வராது."

தெரியாமல் சொன்னாளா, தெரிந்தே சொன்னாளா என்பது அவளுக்கே வெளிச்சம். சட்டாம்பிள்ளையின் முகம் சிவந்தது. பேப்பரைத் தரையில் வீசினார். நுணல் தன் வாயால் கெட்டது.

"ஆமா, வந்தேன். என்ன இப்ப? என் வீட்டுக்குள்ள நான் போறதுக்கு எவகிட்ட கேக்கணும்?"

படியில் நின்ற மகள் கண்ணை மூடித் திறந்தாள். இத்தனை நாள் அவளைப் பைத்தியம் என்று சொன்ன வாய் அது.

"எங்கிட்ட கேக்கணும்," என்றாள் பன் அக்கா. "செங்கல்லும் சுவரும் உங்களோடது சார். கதவுக்கு உள்ள இருக்கிறது எங்க குடும்பம். வாடகைக்கு விட்டப்புறம் தட்டணும். தொறந்தா வரலாம், தொறக்கலன்னா திரும்பிப் போகணும். இன்னைக்கே பூட்ட மாத்துறேன்."

"மாத்தினா இந்த மாசமே காலி பண்ணணும்."

"எழுத்துல குடுங்க. காரணத்த மறக்காம எழுதுங்க. பூட்டின வீட்டுக்குள்ள போயி மாவுல விரல விட்டேன், கேட்டதுக்காகக் காலி பண்ணச் சொல்றேன்னு எழுதுங்க."

சட்டாம்பிள்ளை டிரைவரைப் பார்த்தார். ஆம்பிளை ஆளாச்சே, பிரேக் போடுவார் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. டிரைவர் தட்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். 

"ஸ்க்ரூ டிரைவர் எங்க வச்சிருக்க?" என்று பெண்டாட்டியிடம் கேட்டுவிட்டுப் படியேறினார். ஷூ சத்தம் கட்டடம் முழுக்கக் கேட்டது.

புதுப் பூட்டு ஏறியது. ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பை கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது, அவள் கிளம்பவும் இல்லை, பையைப் பிரிக்கவும் இல்லை. பன் அக்கா கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை தனக்கு இருக்கிறதா என்று அவளுக்கே தெரியவில்லை.

சட்டாம்பிள்ளை சும்மா இருப்பாரா? தண்ணீர் வால்வை மூடினார். நடு மாடிக்கு மட்டும் மூடத் தெரியாமல் மேல் மாடிக்கும் சேர்த்து மூடிவிட்டார். வாத்தியார் தலையில் சோப்பு நுரையோடு துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கி வந்தார். இதுவரை சட்டாம்பிள்ளையிடம் வணக்கத்தைத் தவிர வேறு வார்த்தை பேசாத மனுஷன், அன்றைக்குப் பேசிய பேச்சில் வீட்டுக்காரம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வாத்தியார் வீட்டிலும் சாவி திரும்பியிருக்கிறது, மானத்துக்குப் பயந்து சொல்லவில்லை என்று அப்போதுதான் வெளியே வந்தது. மறுநாள் வாத்தியாரும் பன் அக்காவும் சேர்ந்தே வக்கீலம்மாவிடம் போனார்கள். வக்கீலம்மா போட்ட ஒரே போனில் வால்வு திறந்தது. மேல் மாடியிலும் புதுப் பூட்டு ஏறியது.

சில நாள் கழித்து ஒரு சாயங்காலம், கதவு தட்டும் சத்தம் கேட்டது. பன் அக்கா ஓவன் முன்னால் கையெல்லாம் மாவாக நின்றாள். அவள் துடைத்துக்கொள்வதற்குள் மகள் எழுந்து கதவருகே போனாள். திறக்கவில்லை.

"யாரு?"

"நான்தாம்மா."

"நான்தான்னா?"

 தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "வீட்டுக்காரர்" என்றது குரல். "குழாய் ஒழுகுதான்னு பாக்கணும். வரலாமா?"

மகள் திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.  உன் வீடு, நீ சொல் என்பது மாதிரி பன் அக்கா மாவுக் கையோடு நின்றாள்.

"இப்ப வசதிப்படாது சார். நாளைக்கு வாங்க. வர்றதுக்கு முன்னாடி போன் பண்ணிட்டு வாங்க."

"சரிம்மா," என்றார் சட்டாம்பிள்ளை. காலடி இறங்கிப் போனது.

மகள் நாற்காலியைக் கதவுக்குப் பின்னாலிருந்து தூக்கி, மேஜைக்கு எதிரில், அதன் பழைய இடத்தில் போட்டாள். போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

"சித்தி, நான் வரல," என்றாள். அந்தப் பக்கம் சித்தி என்ன சொன்னாளோ, மகள் சிரித்தாள். தெருவுக்கே கேட்கும்படி சிரித்தாள்.