போனுக்கு விக்கல்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு ஜம்பம் உண்டு. எந்த மெஷினும் தன்னிடம் வாலாட்ட முடியாது என்பார். மனிதர்களிடம் அந்த ஜம்பம் பலிப்பதில்லை. பெற்ற மகளிடம் சுத்தமாகப் பலிப்பதில்லை.

போன சனிக்கிழமை அது நன்றாகவே அம்பலமானது. வேறு ஊரில் வேலை பார்க்கும் மகள், இருக்கிற வேலையை விட்டுவிட்டு இன்னொன்றில் சேரப்போவதாகப் போனில் சொன்னாள். இவர் எகிறினார்.

"உங்களோட போன்ல பேசவே முடியாதுப்பா. கத்தாம பேசணும்னா மெயில் போடுங்க" என்றாள் மகள்.

"அப்ப இனிமே இந்த வீட்டுப் பக்கமே வராதே" என்று ரிசீவரை அறைந்து வைத்தார். வைத்த கையோடு அந்த வார்த்தை அவரையே சுட்டது. அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் மனைவிதான் தூது போவாள். இந்த முறை அவள் கையைக் கழுவிவிட்டாள்.

"ஒவ்வொரு தடவையும் நானேதான் வெள்ளைக்கொடி தூக்கிக்கிட்டுப் போகணுமா? வராதேன்னு சொன்ன வாய்தான் வான்னும் சொல்லணும்."

அதனால்தான் லீவு நாளும் அதுவுமாக, மகள் விட்டுப்போன கம்ப்யூட்டர் முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். மெயில் என்றால் மெயில். எழுத்தில் கத்த முடியாதே என்ற தைரியம் வேறு. கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாக மகள் லினக்ஸைப் போட்டு வைத்திருந்தாள். போன் லைன் வழியாக நெட்டைப் பிடிக்கிற மோடம் உள்ளேயே இருந்தது, ஆனால் அது லினக்ஸைக் கண்டாலே வாயைத் திறக்க மறுத்தது. அதனால் வெளியே வைக்கிற மோடம் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தார். அதைக் கம்ப்யூட்டரின் முதுகில் இருந்த முதல் போர்ட்டில் செருகிவிட்டு, கம்ப்யூட்டரை இரண்டாவது போர்ட்டில் தேடச் சொல்லி அரை நாளைக் கோட்டை விட்டார். அந்தக் கண்டமும் தாண்டியாயிற்று. இப்போது மோடத்தின் குட்டிச் சிவப்பு விளக்குகள் எரிந்தன. அது லைனைத் திறந்தது, கொஞ்சம் காது கொடுத்தது, உடனே கையை விரித்தது. திரையில் ஒரே பல்லவி: நோ டயல்டோன்.

"டோன் இல்லையாம்" என்றார்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி எட்டி ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள்.

"இருக்கே! ஆனா விட்டு விட்டு வருதுங்க. விக்குது. பாவம், யாரோ நினைக்கிறாங்க போல."

அவர் சிரிக்கவில்லை. அந்த விக்கல் அவருக்குப் பழக்கமானதுதான். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இருக்கிறது. தான் அறைந்த அறையில்தான் போனுக்குள் ஏதோ கழன்றுவிட்டது என்று முடிவு கட்டியிருந்தார். மனைவி கடைக்குப் போன சமயம் பார்த்து அதைப் பிரித்து, தகடுகளைத் துடைத்து, திருகுகளை முடுக்கி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி இருந்துவிட்டார். விக்கல் மட்டும் நின்றபாடில்லை.

வேறு வழியில்லாமல் இன்டர்நெட் கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டார்.

"லினக்ஸா சார்? அதுக்கு நாங்க சப்போர்ட் பண்றதில்லையே" என்றாள் எடுத்த பெண்.

"லினக்ஸை விடும்மா. டோன்தான் பிரச்சனை. விக்குது."

"விட்டு விட்டு வருதா? அதான் மோடம் அதை டோனாவே எடுத்துக்கல. மோடத்துக்கு அனுப்பற முதல் வரியில எக்ஸ் மூணுன்னு சேருங்க, டோனுக்குக் காத்திருக்காம டயல் பண்ணிடும். இல்ல, அந்த மெசேஜைக் கேட்டுட்டீங்கன்னா டோன் தன்னால சரியாயிடும்."

"எந்த மெசேஜ்?"

"உங்க லைன்ல வாய்ஸ் மெயில் இருக்கும் சார். கேக்காத மெசேஜ் இருந்தா டோன் அப்படித்தான் வரும்."

ரிசீவரை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னார். மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"போன் கம்பெனியில போன மாசம் கேட்டாங்க. ஓசின்னாங்க, சரின்னுட்டேன். ஒரு நம்பர்கூட சொன்னாங்களே..."

அவளுக்கு எண்கள் மறப்பதில்லை. தானே டயல் செய்து ரிசீவரை அவரிடம் நீட்டினாள்.

"அப்பா, நான்தான்." மகளின் குரல் கம்மியிருந்தது. "ஞாயித்துக்கிழமை காலையிலயே எங்க போனீங்க ரெண்டு பேரும்? மெயில் போடுங்கன்னு கோபத்துல சொல்லிட்டேன். மெயிலெல்லாம் வேணாம்ப்பா. கத்தினாலும் பரவாயில்ல, போன் பண்ணுங்க. வராதேன்னீங்களே, அது நிஜமான்னு மட்டும் சொல்லிடுங்க."

போனைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தபோதெல்லாம் அவள் இந்த லைனில்தான் காத்திருந்திருக்கிறாள். பதில் வராதபோது அவள் என்ன நினைத்திருப்பாள் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. ரிசீவரை மனைவியிடம் கொடுத்தார். மீண்டும் ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டவள், மடித்த துணியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"முதல்ல கூப்பிடுங்க."

இப்போது டோன் ஒரே சீராக வந்தது. மகளின் எண்ணைச் சுழற்றினார். என்கேஜ்டு. மறுபடியும் என்கேஜ்டு.

"யாரோட இவ்வளவு நேரம் அரட்டை?" பழைய குணம் தலைதூக்கியது.

"அட, சும்மா இருங்க. அவளும் மோடத்தை மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பா. நீங்க மெயிலாவது போட்டிருக்கீங்களான்னு பாக்க."

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். எக்ஸ் மூணுக்கெல்லாம் வேலையே இல்லை. மோடம் டோனைக் கேட்டது, டயல் செய்தது, கிரீச்சென்று கத்தியது, அடங்கியது. லைன் கிடைத்துவிட்டது. நாலு நாளாக மனதில் எழுதி எழுதி அழித்த நீளமான கடிதம் ஒன்று அவரிடம் இருந்தது. புத்திமதி பாதி, சமாதானம் பாதி. அதில் ஒரு வரியும் இப்போது வேண்டியிருக்கவில்லை. ஆங்கில எழுத்துகளைக் கூட்டித் தமிழில், ஒற்றை விரலால் தட்டினார்.

"குட்டி, வராதேன்னது பொய். நெட்டை விட்டு இறங்கு. பேசணும்."

அனுப்பிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு போனையே பார்த்தார். போன் அசையவில்லை. மனைவிக்குத்தான் பொறி தட்டியது.

"ஐயோ, நீங்க முதல்ல இறங்குங்க! லைனைப் பிடிச்சு வெச்சுக்கிட்டா அவ எப்படிக் கூப்பிடுவா?"

எந்த மெஷினும் வாலாட்ட முடியாத மனிதர், பதற்றத்தில் மோடத்தின் வயரையே பிடுங்கினார். சிவப்பு விளக்குகள் அணைந்தன. ரிசீவர் பக்கம் கை போவதற்குள் மணி அடித்தது.

"அப்பா? லைன்ல இருக்கீங்களா?"

இருக்கேன் என்று சொல்ல வாயெடுத்தார். குரல் விட்டு விட்டுத்தான் வந்தது.